சீன மருத்துவத்தை அடிப்படையிலிருந்து படிக்க: கேள்வி பதில்

சீனாவின் மரபு மருத்துவத்தைப் புதிதாகப் படிக்கத் தொடங்கியவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். பல வருடங்களாக இந்த நூல்களோடு இருப்பவன், படிப்பவர்களுக்குக் கூட நின்று உதவுபவன் என்ற முறையில்தான் பேசுகிறேன். யாருடைய நோய்க்கும் இங்கே மருந்து சொல்ல மாட்டேன்.

கேள்வி: வணக்கம் சார். வங்கியில் வேலை பார்க்கிறேன், ஆர்வத்தால் நானே படித்து வருகிறேன். யின்–யாங், ஐந்து மூலகங்கள் எல்லாம் அட்டவணையாக மனப்பாடம் ஆகிவிட்டது. ஆனால் ஒரு நோயாளியின் விவரத்தைக் கொடுத்தால் எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லை.

பதில்: அட்டவணையைக் கொஞ்ச நாள் மூடி வையுங்கள். மரம், நெருப்பு, மண், உலோகம், நீர் என்று கட்டம் போட்டு, ஒவ்வொன்றுக்கும் சுவை, நிறம், பருவம், உணர்ச்சி என நிரப்பிக்கொண்டே போவதில்தான் புதியவர்களின் மாதங்கள் கரைகின்றன. நோயாளி எதிரில் உட்காரும்போது முதலில் கைகொடுப்பது எட்டுக் கோட்பாடுகள். நோய் வெளிப்புறத்தில் இருக்கிறதா, உள்ளே போய்விட்டதா? குளிரா, சூடா? உடம்பில் பலம் குறைந்திருக்கிறதா, வேண்டாத ஒன்று மிகுந்திருக்கிறதா? இந்த ஆறையும் தொகுத்துச் சொல்வதற்கு யின் (உள், குளிர், குறைவு), யாங் (வெளி, சூடு, மிகுதி) என்ற இரண்டு.

அப்புறம் ஒரே ஒரு கஷாயத்தை எடுத்துக்கொண்டு அதிலேயே தங்குங்கள். நான் எப்போதும் சொல்வது குய்ஜி தாங். கி.பி. 200-ஐ ஒட்டி ஜாங் ஜோங்ஜிங் எழுதிய ‘ஷாங்ஹான் லுன்’ நூலில் வரும் முதல் மருந்து அது. குய்ஜி என்னும் லவங்கப்பட்டை மரக் குச்சி, வெண் பியோனி வேர், வறுத்த அதிமதுரம், பச்சை இஞ்சி, சீன இலந்தை என்று ஐந்தே சரக்கு. காய்ச்சல், தலைவலி, காற்றுப் பட்டாலே கூச்சம், கூடவே வியர்வை. நாடி மேலோட்டமாகத் தொட்டாலே தட்டுப்படும், ஆனால் தளர்ந்திருக்கும். இதுதான் அந்த மருந்துக்குரிய ஆள்.

ஏன் இந்த ஐந்து சரக்கு? தோல் புறத்தில் நின்று காவல் காக்கும் ‘வெய்’, உள்ளே ஓடி ஊட்டம் தரும் ‘யிங்’ இரண்டும் ஒத்துப்போகாததால் வியர்வை வீணாகக் கசிகிறது என்பது விளக்கம். குய்ஜி வெளியே தள்ளுகிறது, பியோனி உள்ளே பிடித்து நிறுத்துகிறது. இரண்டுக்கும் ஒரே அளவு. இஞ்சியும் இலந்தையும் வயிற்றைப் பார்த்துக்கொள்கின்றன.

குடிக்கும் முறையையும் நூல் விடாமல் சொல்கிறது. கஷாயம் குடித்த சிறிது நேரத்தில் சூடான நீர்த்த அரிசிக் கஞ்சியைக் குடிக்க வேண்டும், போர்த்திக்கொண்டு சுமார் 2 மணி நேரம் படுக்க வேண்டும். உடம்பு முழுக்க லேசாக ஈரம் பூத்தால் போதும்; தண்ணீராக ஓடும்படி வியர்த்தால் நோய் போகாது. ஒரு வேளையிலேயே குணம் தெரிந்தால் மிச்சக் கஷாயத்தைக் குடிக்கக் கூடாது. பச்சையாகவும் குளிர்ச்சியாகவும் உள்ளவை, பிசுபிசுப்பானவை, இறைச்சி, மது எல்லாம் விலக்கு. எனக்கு இந்தப் பகுதி மிகவும் பிடிக்கும். மருந்து எங்கே நிற்க வேண்டும் என்பதை மருந்தோடு சேர்த்தே எழுதி வைத்த மருத்துவர் அவர்.

இனி பக்கத்திலேயே அதே நூலின் இன்னொரு கஷாயமான மாஹுவாங் தாங்கை வையுங்கள். அதே காய்ச்சல், அதே குளிர்க் கூச்சம். ஆனால் வியர்வை இல்லை, உடம்பெல்லாம் வலி, மூச்சு இரைப்பு. நாடி முறுக்கிய கயிறுபோல் இறுகியிருக்கும். இவருக்குக் குய்ஜி தாங் கொடுக்காதே என்று நூலே எச்சரிக்கிறது. வியர்வை உண்டா இல்லையா என்ற ஒரே கேள்வியில் வழி பிரிந்துவிட்டது. அடுத்து, குய்ஜி தாங்கில் பியோனியை மட்டும் இரண்டு மடங்காக்கிப் பாருங்கள்: அது வயிற்று வலிக்கான வேறொரு மருந்து. அதில் மால்ட் பாகு சேர்த்தால் இன்னொன்று. சரக்கின் அளவு மாறினால் நோயைப் பற்றிய எண்ணம் எப்படி மாறுகிறது என்பது இப்படிப் படிக்கும்போதுதான் மனதில் பதியும். இந்தக் குடும்பம் பழகிய பிறகு அட்டவணைக்குத் திரும்புங்கள், அதில் பாதி தானாகவே புரிந்திருக்கும்.

கேள்வி: ஐயா, நான் சித்த மருத்துவ மாணவி. நம் பஞ்ச பூதமும் அவர்களுடைய ஐந்தும் ஒன்றுதானா? நாடி பார்ப்பதும் ஒரே மாதிரி இருக்கிறதே. போகர் சீனாவிலிருந்து வந்தவர் என்றும் சொல்கிறார்களே?

பதில்: ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்காதீர்கள் அம்மா, இரண்டுமே கெட்டுப்போகும். நம் ஐந்தில் காற்றும் ஆகாயமும் உண்டு, மரமும் உலோகமும் கிடையாது. நம்முடையவை பொருள்கள் எதனால் ஆனவை என்று சொல்கின்றன. அவர்களுடைய ஐந்தும் மாறிக்கொண்டே இருக்கும் நிலைகள். ஒன்று அடுத்ததைப் பிறப்பிக்கும், இன்னொன்றை அடக்கும். கவலையும் கோபமும் மிகுந்தால் வயிறு கலங்கிப் பேதியாகிறது என்பதை ‘மரம் மண்ணை அடக்குகிறது’, அதாவது கல்லீரல் மண்ணீரலை நெருக்குகிறது என்பார்கள். நம் பூதங்களை வைத்து இப்படி ஒரு வாக்கியம் அமைக்க முடியாது.

நாடியிலும் மூன்று விரல் என்பதோடு ஒற்றுமை முடிந்துவிடுகிறது. நமக்கு ஆள்காட்டி விரலில் வளி, நடுவிரலில் அழல், மோதிர விரலில் ஐயம். அவர்களுக்கு இடக்கையில் இதயம், கல்லீரல், சிறுநீரகம்; வலக்கையில் நுரையீரல், மண்ணீரல், மறுபடியும் சிறுநீரகம். அதற்கு மேல் நாடியின் ஆழம், வேகம், வடிவம் என்று லி ஷிஜென் 1564-இல் எழுதிய நாடி நூல் 27 வகை சொல்கிறது. முதல் வருடம் மேல், ஆழம், வேகம், மந்தம் இந்த நான்கும் விரலுக்குப் பழகினால் போதும்.

போகர் பற்றியது நம் மரபில் வரும் கதை. அதைப் போற்றலாம், ஆனால் இரண்டு மருத்துவமும் ஒன்று என்பதற்கு ஆதாரமாக எடுக்க முடியாது.

கேள்வி: நான் செவிலியர். மண்ணீரல்தான் உணவைச் செரிக்கிறது என்று பாடத்தில் வருகிறது. விபத்தில் மண்ணீரலை அகற்றியவர்களை நான் கவனித்திருக்கிறேன், நன்றாகத்தான் சாப்பிடுகிறார்கள். இதை எப்படி ஏற்பது?

பதில்: நீங்கள் பார்த்ததுதான் உண்மை, அதை விட்டுக்கொடுக்க வேண்டாம். சீன மருத்துவத்தில் அந்தப் பெயர் சில வேலைகளின் தொகுப்பு: உணவைச் சாரமாக மாற்றுவது, அதை மேலே ஏற்றுவது, இரத்தத்தைக் குழாய்க்குள் பிடித்து வைப்பது. பசியின்மை, இளகிய மலம், சோர்வு, வீங்கி ஓரத்தில் பல் தடம் பதிந்த நாக்கு எல்லாம் சேர்ந்து வந்தால் ‘மண்ணீரல் ச்சி குறைவு’ என்பார்கள்; ச்சி என்றால் உயிராற்றல். அறுவை அரங்கில் பார்க்கும் உறுப்போடு இதைக் கலக்கக் கூடாது. குறிப்பேட்டில் இரண்டையும் தனித்தனிப் பக்கத்தில் எழுதுங்கள். நோயாளியிடம் ‘உங்கள் மண்ணீரல் பலவீனம்’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். மனிதர் பயந்துபோய் ஸ்கேன் எடுக்க ஓடுவார். அதேபோல் ‘சிறுநீரகக் குறைவு’ என்று கேட்டுவிட்டுக் சிறுநீரகம் வேலை செய்வதைக் காட்டும் கிரியாட்டினின் இரத்தப் பரிசோதனையைப் பார்க்காமல் இருப்பதும் ஆபத்து.

கேள்வி: மூல நூல்களைப் படித்தே ஆக வேண்டுமா?

பதில்: பாடப்புத்தகம் ஒன்றை முடித்த பிறகு படியுங்கள். சீன மருத்துவத்தின் அடிப்படை நூலான ‘ஹுவாங்தி நெய்ஜிங்’ சூவென், லிங்ஷு என்று இரண்டு பகுதி, ஒவ்வொன்றிலும் 81 அத்தியாயம். பெரும்பாலும் மஞ்சள் பேரரசர் கேட்க, சி போ போன்ற அமைச்சர்கள் பதில் சொல்வதாக வரும். பல கைகள் பல காலத்தில் எழுதியது என்பதால் ஓர் அத்தியாயம் சொல்வதை இன்னொன்று மறுக்கும். குழம்ப வேண்டாம், வாதம் நடந்த சுவடு அது. ஆங்கிலத்தில் படிக்க முடிந்தவர்களுக்கு பால் உன்ஷுல்டும் ஹெர்மன் டெசனோவும் செய்த சூவென் மொழிபெயர்ப்பு 2011-இல் வந்திருக்கிறது, அடிக்குறிப்புகளுக்காகவே வாங்கலாம்.

கேள்வி: இதெல்லாம் 2,000 வருடமாக மாறாமல் வந்தது என்கிறார்கள். நான் வரலாற்று ஆசிரியர், நம்பக் கஷ்டமாக இருக்கிறது.

பதில்: உங்கள் சந்தேகம் நியாயம். நூல்கள் பழையவை, நாம் படிக்கும் பாடத்திட்டம் புதியது. 1956-இல் பெய்ஜிங், ஷாங்காய், குவாங்சோ, செங்டு ஆகிய நான்கு நகரங்களில் அரசு கல்லூரிகள் தொடங்கிய பிறகுதான், ஆளுக்கொரு குருவிடம் கற்ற பல பள்ளிகளை ஒரே பாடநூலாகக் கோத்தார்கள். நோயாளியின் குறிகளைத் தொகுத்து ஒரு நிலையாகப் பிரித்தறிந்து அதற்கேற்ப மருந்து கொடுப்பதே இந்த மருத்துவத்தின் அடையாளம் என்று முன்னிறுத்தியதும் அந்தக் காலத்தில்தான். மருந்துச் சரக்கும் வளர்ந்துகொண்டே வந்தது: பழைய ஷென்னோங் மருந்துச் சரக்கு நூலில் 365, லி ஷிஜெனின் ‘பென்ட்சாவ் காங்மு’ 1596-இல் அச்சானபோது 1,892.

கேள்வி: நேரடியாகக் கேட்கிறேன் சார், இது அறிவியல்படி வேலை செய்கிறதா?

பதில்: ஒவ்வொன்றையும் தனியாகத்தான் கேட்க வேண்டும். அக்குபங்சரை, அதாவது உடம்பின் குறிப்பிட்ட புள்ளிகளில் மெல்லிய ஊசி குத்தும் முறையை எடுத்துக்கொள்வோம். ஜெர்மனியில் நாள்பட்ட இடுப்பு வலியுள்ள 1,162 பேரிடம் நடந்த ஆய்வு 2007-இல் வெளிவந்தது. ஆறு மாதம் கழித்து, முறைப்படி ஊசி குத்தப்பட்டவர்களில் 47.6 சதவீதம் பேருக்குப் பலன். புள்ளி இல்லாத இடத்தில் மேலோட்டமாகக் குத்தப்பட்டவர்களில் 44.2. மருந்து, உடற்பயிற்சி என்ற வழக்கமான சிகிச்சையில் 27.4. ஊசி உதவியது, ஆனால் புள்ளியின் இடம் பெரிய வித்தியாசம் காட்டவில்லை. புள்ளிகளைப் படிக்கும் நாம் இந்த முடிவை மறைக்காமல் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இன்னொரு பக்கம் சீன மருந்து ஆய்வாளர் து யூயூ. நான்காம் நூற்றாண்டின் மருத்துவ நூலாசிரியர் கே ஹோங், ஒரு கைப்பிடி சிங்ஹாவ் செடியைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்த சாற்றைக் குடிக்கச் சொல்லியிருந்தார். காய்ச்சச் சொல்லவில்லை. அதைப் பார்த்துச் சூடு மருந்தைக் கெடுக்கலாம் என்று ஊகித்து, து யூயூ ஈதரில் குறைந்த வெப்பத்தில் சத்தைப் பிரித்தார். மலேரியா மருந்தான ஆர்ட்டிமிசினின் அப்படிக் கிடைத்தது, 2015-இல் நோபல் பரிசும் வந்தது. அது பழைய நூலைக் கவனமாகப் படித்ததற்கும் ஆய்வகச் சோதனைக்கும் கிடைத்த வெற்றி. யின்–யாங் நிரூபணமாகிவிட்டது என்று சிலர் இதைக் காட்டுவது சரியில்லை.

கேள்வி: மூலிகைதானே, பக்கவிளைவு இருக்காது அல்லவா?

பதில்: இருக்கும். 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் மெலிய மாத்திரை எடுத்த நூற்றுக்கும் மேற்பட்ட பெண்களுக்குச் சிறுநீரகம் பழுதானது. ஃபாங்ஜி என்ற பெயரில் ஸ்டெஃபானியா வேருக்குப் பதில் அரிஸ்டோலோகியா வேர் கலந்துவிட்டதே காரணம். அதிலுள்ள அமிலம் சிறுநீரகத்தை அரிக்கும், புற்றுநோயும் உண்டாக்கும். நம் ஆடுதீண்டாப்பாளையும் ஈஸ்வரமூலியும் அதே இனக் குடும்பம் என்பதைச் சித்த மாணவர்கள் குறித்துக்கொள்ளுங்கள். சீன மருந்தில் வரும் ஃபூஸி வேரும் நச்சு மூலிகையான நம் வசநாபியின் உறவுதான். சுத்தி செய்து நீண்ட நேரம் கொதிக்க வைக்காமல் தொடக் கூடாது. தாவரவியல் பெயர் தெரியாத சரக்கைப் பற்றிப் படிக்கலாம், வாயில் போடக் கூடாது.

கேள்வி: வீட்டில் எனக்கு நானே ஊசி போட்டுப் பழகலாமா?

பதில்: வேண்டாம் தம்பி. தோள்பட்டையிலும் மேல் முதுகிலும் சில புள்ளிகளுக்குக் கீழே நுரையீரல் இருக்கிறது, ஆழம் தவறினால் காற்று கசிந்து மூச்சு முட்டும். விரலால் அழுத்தி இடம் கண்டுபிடித்துப் பழகுங்கள். 1027-இல் மருத்துவர் வாங் வெய்யி வெண்கலத்தில் மனித உருவம் வார்த்ததே இந்தக் காரணத்துக்காகத்தான். மேலே மெழுகு பூசி உள்ளே நீர் நிரப்பி வைப்பார்களாம். மாணவன் சரியான புள்ளியில் குத்தினால் நீர் கசியும்.

கேள்வி: மகன் பிளஸ் டூ முடித்திருக்கிறான். சீனாவுக்கு அனுப்பி இதைப் படிக்க வைக்கலாமா?

பதில்: இளநிலைப் படிப்பு ஐந்து வருடம், பெரும்பாலும் சீன மொழியில். அது எம்பிபிஎஸ்-க்கு இணையான பட்டம் இல்லை. ஏஜென்ட் யாராவது இரண்டையும் கலந்து பேசினால் பணம் கட்டாதீர்கள்.

கேள்வி: தினமும் வீட்டிலேயே செய்யக்கூடிய பயிற்சி ஏதாவது சொல்லுங்கள்.

பதில்: நாக்கு பார்ப்பது. காலையில் பல் துலக்கி, காபி குடிப்பதற்கு முன்னால், ஜன்னல் வெளிச்சத்தில் பாருங்கள். டியூப்லைட் நிறத்தை மாற்றிவிடும். நாக்கைச் சுரண்ட வேண்டாம், மாவு படிந்திருப்பதுதான் நமக்குத் தேவை. நுனி சிவப்பா, ஓரத்தில் பல் தடமா, மாவு வெள்ளையா மஞ்சளா, தடிப்பா மெலிதா என்று நான்கே வரி எழுதுங்கள். கூடவே முந்தின நாள் தூக்கம், மலம், தாகம், வியர்வை. குடும்பத்தில் சம்மதிப்பவர்களின் நாக்கையும் சேர்த்துக்கொள்ளலாம். யாருக்கும் எந்த முடிவும் சொல்லாதீர்கள். சளி பிடித்த நாளிலும் விருந்து சாப்பிட்ட மறுநாளிலும் என்ன மாறியது என்று பாருங்கள். ஒரு மாதக் குறிப்பை எழுதி அனுப்பினால் சேர்ந்து படிக்கலாம்.