ரியாக்ட் முடிக்கறதுக்குள்ள அடுத்தது வந்துடுது, எப்படித்தான் ஓடறது?

கேள்வி: அண்ணா, ஆறு வருஷமா பிஎச்பி, ஜேக்வெரில வெப்சைட் பண்றதுதான் வேலை. ரியாக்ட் (ஸ்க்ரீன் கட்டற ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி) கத்துக்கலாம்னு, ரியாக்ட் ப்ராஜெக்டை ஆரம்பிச்சுக் குடுக்கற கிரியேட் ரியாக்ட் ஆப்ங்கற டூலை வச்சு ஒரு கோர்ஸ் ஆரம்பிச்சேன், பாதி தாண்டறதுக்குள்ள அது இனிமே வேணாம்னுட்டாங்க. இப்ப அதுக்குப் பதிலா 'வீட்' (Vite)ங்கறாங்க, ரியாக்ட் மேலயே கட்டின 'நெக்ஸ்ட்' (Next.js)ங்கறாங்க, ஆபீஸ்ல புதுசா வந்த பசங்க பாதி கோடை ஏஐகிட்டயே வாங்கிடறாங்க. வயசு 31, கைக்குழந்தை இருக்கு, ராத்திரி அரை மணி நேரம் கிடைச்சாலே பெருசு. எல்லாத்தையும் எப்படி புடிக்கறது?

பதில்: எல்லாத்தையும் யாரும் புடிக்கல தம்பி. நான் இதுலயே பல வருஷமா குப்பை கொட்டறேன், தெரிஞ்சதவிட தெரியாதது ஜாஸ்தி.

உங்க கோர்ஸ் விஷயத்துக்கு வரேன். 2025 பிப்ரவரில ரியாக்ட் டீமே புது ப்ராஜெக்டுக்கு கிரியேட் ரியாக்ட் ஆப் வேணாம்னு சொன்னது நிஜம்தான், ஆனா அந்தப் பாதி கோர்ஸ்ல நீங்க என்ன கத்துக்கிட்டீங்க? காம்பொனென்ட், ப்ராப்ஸ், ஸ்டேட், எது மாறினா ஸ்க்ரீன் மாறும்ங்கறது. இதுல ஒண்ணுகூட வீணா போகல. கிரியேட் ரியாக்ட் ஆப் வெறும் அடுப்பு, விறகடுப்புலேர்ந்து கேஸுக்கு மாறினா சாம்பார் வைக்கத் தெரிஞ்சவங்களுக்கு மறந்தா போயிடும்? அதே ப்ராஜெக்டை 'வீட்' டூலுக்கு மாத்திப் பாருங்க, பப்ளிக் ஃபோல்டர்ல இருக்கற இண்டெக்ஸ் ஃபைல் வெளிய ரூட்டுக்கு (ப்ராஜெக்டோட மேல் ஃபோல்டருக்கு) வரணும், ஜேஎஸ்எக்ஸ் (ஜாவாஸ்கிரிப்ட்குள்ளயே எச்டிஎம்எல் மாதிரி எழுதறது) எழுதின ஃபைலுக்கெல்லாம் எக்ஸ்டென்ஷனும் ஜேஎஸ்எக்ஸ்னே இருக்கணும், 'ரியாக்ட் ஆப்'னு ஆரம்பிக்கற என்விரான்மென்ட் வேரியபிள் (கோடுக்கு வெளிய வைக்கற செட்டிங்) எல்லாம் 'வீட்'னு ஆரம்பிக்கணும், அதைப் படிக்கற இடத்தையும் மாத்தணும், சின்ன ப்ராஜெக்டா இருந்தா பெரும்பாலும் அவ்வளவுதான், ரெண்டு மூணு ராத்திரி வேலை. (டூல் பேரை 'வைட்'னு படிக்காதீங்க, 'வீட்', பிரெஞ்சுல சீக்கிரம்னு அர்த்தம். வைட்னு சொன்னாலும் ஒண்ணும் குடி முழுகிடாது.)

இப்ப நான் சொல்ல வர்றதுக்கு ஒரு பாப்அப்பை எடுத்துக்கறேன், சாதாரண 'நிச்சயமா டெலிட் பண்ணணுமா' பாப்அப். இதை நான் முதல்ல ஜேக்வெரி யூஐ டயலாக்ல பண்ணேன். 2011ல பூட்ஸ்ட்ராப்னு ரெடிமேட் டிசைன் லைப்ரரி வந்துச்சு, அப்புறம் அதோட மோடல்ல (மூடறவரைக்கும் பின்னாடி பேஜைத் தொட விடாத பாப்அப்) பண்ணேன். பிறகு ரியாக்ட்ல போர்ட்டல் (பாப்அப்பை பேஜ்ல வேற இடத்துல வரைய விடற வசதி) போட்டு பண்ணேன். 2022 மார்ச்ல ஃபயர்ஃபாக்ஸ், சஃபாரி ரெண்டும் டயலாக்னு (<dialog>) ஒரு எச்டிஎம்எல் டேகைக் கொண்டுவந்ததும் (குரோம்ல 2014லயே வந்தாச்சு) பிரவுசரே அதைக் குடுக்க ஆரம்பிச்சிடுச்சு. நாலு தடவை நாலு விதமா எழுதியிருக்கேன், ஆனா நாலு தடவையும் தலையைப் பிச்சுக்கிட்டது ஒரே கேள்விகளுக்குத்தான்: பாப்அப் திறந்தா கீபோர்ட் ஃபோகஸ் (அழுத்தற கீ எந்த பட்டனுக்குப் போகும்ங்கறது) எங்க போகணும், டேப் அழுத்தினா பின்னாடி இருக்கற பேஜுக்கு ஓடாம எப்படி நிறுத்தறது, எஸ்கேப் அழுத்தினா மூடுதா, மூடினப்புறம் ஃபோகஸ் பழைய பட்டனுக்கே திரும்புதா. டயலாக் டேகை மோடலா திறந்தா இது அத்தனையும் அதுவே பாத்துக்கும், பின்னாடி பேஜ் ஸ்க்ரோல் ஆகறதை மட்டும் இன்னும் நாமதான் நிறுத்தணும். அந்தக் கேள்விகள் தெரிஞ்ச ஆளுக்கு அஞ்சாவது முறை வந்தாலும் ஒரு நாள்ல பிடிபட்டுடும். அது தெரியாம பூட்ஸ்ட்ராப் கிளாஸ் பேரை மட்டும் மனப்பாடம் பண்ணவன் ஒவ்வொரு தடவையும் ஒண்ணாங்கிளாஸ்லதான் போய் உக்காரணும்.

மேல இருக்கற டூல்தான் மாறிட்டே இருக்கும், அடியில இருக்கற பிரவுசர் சட்டுன்னு எதையும் தூக்கிப் போடாது. 2018ல ஜாவாஸ்கிரிப்ட்ல அர்ரேக்கு (அதாவது லிஸ்டுக்கு) 'ஃப்ளாட்டன்'னு ஒரு மெத்தட் சேக்கப் பாத்தாங்க, ஃபயர்ஃபாக்ஸ் சோதனை வெர்ஷன்ல போட்டதும் மூடூல்ஸ்னு ஒரு பழைய லைப்ரரில ஓடற சைட் உடைஞ்சுது, ஏன்னா மூடூல்ஸ் அதே பேர்ல தன்னோட மெத்தடை ஏற்கனவே அர்ரேல ஒட்டி வச்சிருந்துச்சு. அந்த லைப்ரரி அப்பவே மவுசு போனது. இருந்தாலும் பழைய சைட்டுங்க உடையக்கூடாதுன்னு மொழியோட மெத்தட் பேரையே மாத்தினாங்க! நடுவுல 'ஸ்மூஷ்'னு வைக்கலாம்னு ஒருத்தர் விளையாட்டா சொல்லி, அதுக்கு ஒரு பெரிய சண்டை நடந்து, கடைசில 'ஃப்ளாட்'னு முடிஞ்சுது. ஃப்ரேம்வொர்க் பக்கம் இந்த மரியாதையை எதிர்பாக்காதீங்க. ஆங்குலர் 2016ல அடியோட திருப்பி எழுதப்பட்டுச்சு, பழைய ஆங்குலர்ஜேஎஸ்க்கு 2021 கடைசியோட சப்போர்ட் முடிஞ்சுது, வ்யூங்கற இன்னொரு ஃப்ரேம்வொர்க்கோட 2வது வெர்ஷனுக்கு 2023 டிசம்பர் 31.

அதனால அரை மணி நேரம்தான் இருக்குன்னா முக்கால்வாசியை அடியில இருக்கற பிரவுசர் விஷயத்துல போடுங்க. ஜேக்வெரில ஆறு வருஷம் ஓட்டின ஆளுக்கு இது கஷ்டமே இல்ல, செலக்டர் எல்லாம் குவெரி செலக்டர்னு பிரவுசர்லயே இருக்கு, அஜாக்ஸுக்கு (பேஜை ரீலோட் பண்ணாம சர்வர்கிட்ட டேட்டா வாங்கறது) ஃபெட்ச் இருக்கு. ஒண்ணை மட்டும் கவனிங்க, சர்வர் 404, 500 அனுப்பினாலும் ஃபெட்ச் எர்ரர்னு சொல்லாது, ரெஸ்பான்ஸ் ஓகேவான்னு நாமதான் பாக்கணும், ஜேக்வெரிலேர்ந்து வர்ற எல்லாரும் ஒரு தடவை இதுல விழுவாங்க. அதுக்கப்புறம் டைப்ஸ்கிரிப்ட் (டைப் சேத்த ஜாவாஸ்கிரிப்ட்), அதுக்கப்புறம் நீங்க விட்ட இடத்துலேர்ந்து ரியாக்ட். நெக்ஸ்ட் எல்லாம் வேலைக்கு எடுக்கறவன் கேட்டா பாத்துக்கலாம், இப்பவே படிச்சு வச்சாலும் இன்டர்வியூ வர்றப்ப அதுல பாதி மாறியிருக்கும்.

புதுசா ஒரு சிஎஸ்எஸ் சமாச்சாரம் காதுல விழுந்தா உடனே ஓடாதீங்க, எம்டிஎன்ங்கற (MDN) வெப் டாக்குமென்டேஷன் சைட்ல அந்தப் பக்கத்தைத் திறந்தா மேல 'பேஸ்லைன்'னு ஒரு பட்டை இருக்கும். குரோம், எட்ஜ், ஃபயர்ஃபாக்ஸ், சஃபாரி நாலுலயும் வந்துடுச்சுன்னா 'நியூலி அவெயிலபிள்'னு போடுவாங்க, அதுலேர்ந்து 30 மாசம் கழிச்சு 'வைட்லி அவெயிலபிள்'. கிளையன்ட் வேலைக்கு ரெண்டாவது வர்றவரைக்கும் காத்திருக்கறதுல ஒரு கேவலமும் இல்ல.

பேக்கேஜ் அப்டேட்டும் அதே கதைதான். ஒருகாலத்துல நான் புது வெர்ஷன் வந்த அன்னிக்கே போட்டாத்தான் தூக்கம் வரும்ங்கற ஜாதி, ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் கிளையன்ட்டோட பில்லிங் ஸ்க்ரீன்ல நாலு பேக்கேஜை மொத்தமா ஏத்திட்டு வீட்டுக்குப் போயிட்டேன், சனிக்கிழமை காலைல கடைக்காரர் போன் பண்ணி "தம்பி, பில்லு அடிக்கவே மாட்டேங்குது"ன்னார், அதுல எந்தப் பேக்கேஜ் உடைச்சுதுன்னு கண்டுபிடிக்கவே மத்தியானம் ஆயிடுச்சு. இப்பல்லாம் மாசம் ஒரு தடவை, ஒவ்வொண்ணா, சேஞ்ச்லாக் (என்னென்ன மாத்தியிருக்காங்கங்கற குறிப்பு) படிச்சுட்டு. 2025 செப்டம்பர்ல சாக், டிபக் மாதிரி எல்லா ப்ராஜெக்ட்லயும் எங்கயோ ஒட்டிக்கிட்டிருக்கற பேக்கேஜுங்கள்ல, அதைப் பாத்துக்கறவரோட அக்கவுண்டை ஏமாத்தி வாங்கி வில்லங்கமான கோடை ஏத்தினாங்க, சில மணி நேரத்துல கண்டுபிடிச்சு தூக்கிட்டாங்க. அன்னிக்கு ஒரு நாள் சோம்பேறியா இருந்தவனுக்கு ஒண்ணும் ஆகல.

ஏஐ வச்சு எழுதற பசங்களைப் பாத்து பயப்படாதீங்க, நீங்களும் யூஸ் பண்ணுங்க. நான் பாத்தவரைக்கும் பாப்அப் கேட்டா அது பல நேரம் வெறும் டிவ்வை (எதுக்கும் யூஸ் ஆகற பொதுவான பெட்டி டேக்) அடுக்கி அழகா கட்டிக் குடுக்குது, மவுஸ்ல கிளிக் பண்ணா ஜோரா வேலை செய்யும், கீபோர்டைத் தொட்டா தெரிஞ்சுடும்.

நாளைக்கு ராத்திரி அரை மணில இதைப் பண்ணுங்க. உங்க ஆபீஸ் ப்ராஜெக்ட்ல இருக்கற ஒரு ஜேக்வெரி பாப்அப்பைத் திறந்து, மவுஸை ஓரமா வச்சுட்டு, டேப் கீயை மட்டும் பத்து தடவை அழுத்துங்க. ஃபோகஸ் பின்னாடி பேஜுக்கு ஓடுச்சுன்னா அதை ஒரு டயலாக் டேகா மாத்தி எழுதுங்க, ரியாக்டை ஒரு வாரம் கழிச்சுத் தொட்டுக்கலாம்.