டிவி விமர்சகர் வேலைக்குப் பணம் கட்டலாமா?

கிருஷ்ணகிரி மாவட்டம் காவேரிப்பட்டணத்திலிருந்து ஒரு தாய் கேட்கிறார்: "மகன் விஸ்காம் முடித்திருக்கிறான். டிவியில் சினிமா விமர்சனம் சொல்ல ஆசை. சென்னை சேனலில் வேலை வாங்கித் தருவதாக ஒருவர் 80,000 ரூபாய் கேட்கிறார். 10,000 ஜிபேயில் அனுப்பிவிட்டோம். மீதியைக் கொடுக்கலாமா?"

கொடுக்காதீர்கள் அம்மா. அந்த ஆள் எப்படிப்பட்டவர் என்று விசாரிக்கக்கூடத் தேவையில்லை. அவர் விற்கிற வேலையே சேனல்களில் அநேகமாக இல்லை.

1993-ல் சன் டிவி வந்த பிறகு, புதுப் படக் காட்சிகளைப் போட்டுக் காட்டி ஒருவர் கருத்து சொன்னால் வீடே உட்கார்ந்து கேட்டது. அந்தக் காட்சிகளை வேறெங்கும் பார்க்க வழியில்லை. இப்போது டிரெய்லர் போனுக்கே வருகிறது. வெள்ளிக்கிழமை முதல் காட்சி இடைவேளையிலேயே படம் தேறுமா தேறாதா என்று ஊத்தங்கரை வரை தெரிந்துவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை விமர்சனத்துக்கு யார் காத்திருப்பார்கள்? போதாக்குறைக்கு, படங்களின் ஒளிபரப்பு உரிமையை வாங்குவதே சேனல்கள்தான். காசு கொடுத்து வாங்கிய படத்தை மட்டம் என்று சொல்ல எந்தச் சேனல் விடும்? அமெரிக்காவில் சிஸ்கெல், ஈபர்ட் இருவரும் பிரபலமாக்கிய விமர்சன நிகழ்ச்சியே 2010-ல் நின்றுபோனது.

சரி, யூடியூப்? தாராளமாகச் செய்யட்டும். ஆனால் அங்கேயும் தரகர்கள் இருக்கிறார்கள். "ஆயிரம் சப்ஸ்கிரைபர் தருகிறேன்" என்பவரிடம் பணம் கொடுத்தால் சேனலையே யூடியூப் நீக்கிவிடலாம். "படத்தைப் பாராட்டிப் பேசு, பணம் தருகிறோம்" என்று வருபவர் இன்னும் மோசம். பணம் வாங்கினால் அதை வீடியோவிலேயே சொல்ல வேண்டும் என்கின்றன மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் விதிகள். சொல்லாமல் பாராட்டுகிறவன் விமர்சகனே அல்ல, விளம்பரக்காரன்.

ஒரு விஷயத்தை மட்டும் மகனிடம் விரிவாகச் சொல்லுங்கள். விமர்சனத்துக்காகப் படக் காட்சியை நியாயமான அளவில் காட்டலாம் என்று 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு விலக்கு தருகிறது. யூடியூபின் தானியங்கி சோதனைக்கு இந்த விலக்கு தெரியாது. சில நொடிக் காட்சியோ பாட்டோ இருந்தாலும் பிடித்துவிடும், வருமானமும் போகலாம். எதிர்ப்புத் தெரிவித்தால், பதில் சொல்ல உரிமைதாரருக்கு 30 நாள் அவகாசம்! வெள்ளிக்கிழமை விமர்சனத்துக்கு அடுத்த மாதம் நியாயம் கிடைத்து யாருக்கு லாபம்? சட்டம் கொடுத்ததை ஒரு கம்பெனியின் மெஷின் பிடுங்குகிறது, கேட்பார் இல்லை. அதனால் காட்சி, பாட்டு எதுவும் வேண்டாம். முகத்தைக் காட்டிப் பேசட்டும்.

படம் வெளியாகி மூன்று நாளைக்கு விமர்சனமே கூடாது என்று தயாரிப்பாளர்கள் கேட்டபோது, 2024 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதிக்க மறுத்துவிட்டது. அதனால் நேர்மையாகக் குறை சொல்லப் பயப்பட வேண்டாம். அவதூறு மட்டும் ஆகாது.

ஓசூர் பக்கத்தில் இருப்பதும் நல்லதுதான். அங்கே தமிழ், தெலுங்கு, கன்னடம் என மூன்று மொழிப் படங்களும் ஓடுகின்றன. மூன்றையும் பார்த்துத் தமிழில் பேசுகிறவர்கள் குறைவு.

கொடுத்த 10,000-ஐ அந்த ஆளிடம் எழுத்தில், வாட்ஸ்அப்பிலாவது, திருப்பிக் கேளுங்கள். இழுத்தடித்தால் ஜிபே ரசீதோடு சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன் செய்யுங்கள், காவல் நிலையத்திலும் புகார் கொடுங்கள். "மீதியைக் கட்டினால்தான் முன்பணம் திரும்பும்" என்பார். அப்போதும் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள்.