கிராமத்து வீட்டுல போர் தண்ணிக்கு சாஃப்ட்னர் போடலாமா?

புது வீடு கட்டியாச்சு, போர் தண்ணியில குழாயெல்லாம் வெள்ளையா உப்பு பூக்குது, சோப்பு நுரைக்க மாட்டேங்குது, வீட்டு மொத்தத்துக்கும் சாஃப்ட்னர், அதான் தண்ணியில இருக்குற சுண்ணாம்பை எடுக்குற மெஷின், மாட்டலாமான்னு கேட்டிருக்கீங்க. ஊர் பேரு சொல்லல, ஆனா காவிரிக் கடைமடைன்னு சொன்னதால திருவாரூர், நாகை பக்கம்தான் இருப்பீங்க, அப்பா அம்மா ஊர்ல இருக்க நீங்க வெளியூர்ல இருந்து இதையெல்லாம் போன்லயே முடிக்கப் பாக்குறீங்கன்னு நெனைக்கிறேன். நானும் திருத்துறைப்பூண்டி பக்கம்தான். போடுங்க, போடாதீங்கன்னு ஒரே வார்த்தையில சொல்ல மாட்டேன். மெஷின் கழுவி விடுற உப்புத் தண்ணி எங்க போவும்? அதை முடிவு பண்ணிட்டு அட்வான்ஸ் கொடுங்க. நான் அதைக் கேக்காம விட்டவன்.

முதல்ல தண்ணிய டெஸ்ட் பண்ணுங்க. விக்க வர்றவர் பேனா மாதிரி ஒரு மீட்டரை முக்கி நம்பர் காட்டுவாரு, அது டிடிஎஸ், அதாவது தண்ணியில கரைஞ்சிருக்குற எல்லாத்தோட மொத்த அளவு. சுண்ணாம்பு எவ்வளவுன்னு சொல்ற கடினத்தன்மை கிடையாது. குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்ட லேப் இருக்கு, அங்க கொடுத்தா ரிப்போர்ட்ல ரெண்டும் தனித்தனியா வரும். எங்க வீட்டுக்கு கடினத்தன்மை லிட்டருக்கு 640 மில்லிகிராம், டிடிஎஸ் 1850, உப்புக் கரிப்பைக் காட்டுற குளோரைடு 620. குடிதண்ணிக்கான இந்திய தர அளவுல கடினத்தன்மை 200க்குள்ள இருக்கணும், வேற வழியே இல்லன்னா 600 வரைக்கும். அதாவது எங்களுது சுண்ணாம்பும் இருக்கு, உப்பும் இருக்கு. கடலோரக் கடைமடையில நிறைய போருக்கு இதே கதைதான். சாஃப்ட்னர் எடுக்குறது சுண்ணாம்பை மட்டும்தான், உப்பு கரிக்கிறத அது தொடவே தொடாது.

இது எனக்கு அப்பத் தெரியாது. மாட்டின அன்னைக்கு டிடிஎஸ் பாத்தா 1850 இருந்தது 1900 காட்டுது, ஏமாத்திட்டாங்கன்னு மாட்டின பையன்கிட்ட கத்திட்டேன், பாவம் அந்தப் பையன். உள்ள இருக்குற ரெசின் (குட்டிக் குட்டி பிளாஸ்டிக் மணி) கடினத்தன்மைக்குக் காரணமான கால்சியம், மெக்னீசியத்தை பிடிச்சு வச்சுக்கிட்டு அதுக்குப் பதிலா சோடியத்தை விடும், அதனால டிடிஎஸ் குறையாது, கொஞ்சம் ஏறக்கூட செய்யும். 640 கடினத்தன்மைய முழுசா எடுத்தா லிட்டருக்கு 300 மில்லிகிராம் கிட்ட சோடியம் கூடுது. எங்க அப்பாவுக்கு பிரஷர் மாத்திரை ஓடுது. அதனால சமையலுக்கும் குடிக்கவும் அந்த லைனைக் கொடுக்கல, கொள்ளிடம் கூட்டுக் குடிநீர்தான், அது வராத நாள்ல கேன்.

இப்ப என் கதைக்கு வரேன். 25 லிட்டர் ரெசின், எங்க தண்ணிக்கு சுமார் 2000 லிட்டர் தாங்கும், வீட்டுல நாலு பேரு, ஒரு நாளைக்கு 500 லிட்டர், ஆக நாலு நாளைக்கு ஒருதடவை உப்புக் கரைசல் ஏத்தி ரெசினைக் கழுவணும், ஒவ்வொரு தடவையும் நாலு கிலோ கிட்ட உப்பு, மாசம் 30 கிலோ கிட்ட. வேதாரண்யம் பக்கத்துலயே இருக்குன்னு கல்லுப்பு மூட்டையா வாங்கிப் போட்டேன் (அழுக்கு இருக்கும், கரைச்சு தெளிய வச்சு வடிகட்டித்தான் ஊத்தணும்). கழுவுன தண்ணி தடவைக்கு 200 லிட்டர் கிட்ட வரும், அந்த பைப்பை பிளம்பர் கொல்லைப் பக்கம் திருப்பி விட்டாரு, நானும் வாழைக்குப் பாயட்டும்னு விட்டுட்டேன்.

அந்த வாழை, கஜா புயல்ல 2018ல எங்க தென்னை நாலும் சாஞ்சுதே, அந்த இடத்துல அம்மா வச்ச பூவன். ஆறாவது மாசம் அம்மா போன்ல "தம்பி, வாழைக்கு என்னமோ சீக்குடா, எலை ஓரமெல்லாம் தீஞ்சு போவுது"ன்னாங்க, நான் பூச்சி மருந்துக் கடையில கேட்டு மருந்து வாங்கிக் கொடுத்தேன். லீவுல வந்து பாக்குறேன், கறிவேப்பிலை மொட்டையா நிக்குது, மண்ணு மேல தண்ணி இறங்காம வழவழன்னு தேங்கிக் கிடக்கு. பாத்ததும் புரிஞ்சுபோச்சு, களர், சோடியம் ஏறி மண்ணு கெட்டுப்போச்சு. வயல்ல சோடியத்தை விரட்ட ஜிப்சம் போடுற குடும்பம் நாங்க, வீட்டுக் கொல்லையில வருசத்துக்கு 360 கிலோ உப்பு கணக்குல நானே பாய்ச்சிக்கிட்டு இருந்திருக்கேன். நம்ம களிமண்ணு பூமி தட்டையானது, தண்ணி வடியாது, மேட்டு நாட்டுல செய்யிறத இங்க அப்படியே செய்ய முடியாது.

இதுக்குக் கொடுத்த காசு எங்கேருந்து வந்ததுன்னு நெனைச்சா இன்னும் வயிறு எரியுது. குறுவை நெல்லை கொள்முதல் நிலையத்து வாசல்ல கொட்டி ஒன்பது நாள் காவல் இருந்தோம், ராத்திரி மழையில நனைஞ்சுது, ஈரப்பதம் 17க்கு மேலன்னு திருப்பி காயவைக்கச் சொன்னாங்க, எடை போட சிப்பத்துக்கு இவ்வளவுன்னு தனியா வேற. கேள்விக்கு சம்பந்தமில்லதான், தெரியும், ஆனா அந்தக் காசுல வாங்கின மெஷின் அம்மா வாழையக் கொன்னுதுன்னா எனக்கு எப்படி இருக்கும்.

சாஃப்ட்னரே ஆகாதுன்னு நான் சொல்லல, விக்கிறவங்க சண்டைக்கு வர வேண்டாம். பாதாளச் சாக்கடை இருக்குற டவுன்ல வேற கணக்கு. 'ஆர்ஓ போடேன்'னு சொல்றவங்களுக்கும் சொல்லிடுறேன், அதுலயும் உப்புக் கழிவு வெளிய வரத்தான் செய்யும். இப்ப என்ன பண்றேன்னா, ஹீட்டர், குளியல், வாஷிங்மெஷினுக்கு மட்டும் சாஃப்ட்னர் லைன், கக்கூஸ், கொல்லை, வாசல் தெளிக்க எல்லாம் நேர் போர் தண்ணி. பிளம்பரை வச்சு லைனைப் பிரிக்க ரெண்டு நாள் ஆச்சு, வீடு கட்டும்போதே செஞ்சிருந்தா செவுத்தை உடைச்சிருக்க வேண்டாம், நீங்க பூசுறதுக்கு முன்னாடின்னா இப்பவே பிரிச்சிடுங்க. நாளைக்கு 150 லிட்டர்தான் ஓடுது, பதிமூணு நாளைக்கு ஒருதடவைதான் கழுவுறேன், மாசம் 9 கிலோ உப்புதான். கழிவுக்கு 8க்கு 4 அடியில ஆழமில்லாத சிமெண்ட் தொட்டி, வெயில்லயே காய்ஞ்சிடுது, அடியில நிக்கிற உப்பை சுரண்டி மூட்டை கட்டி வச்சிருக்கேன்.

ஐப்பசி கார்த்திகையில தொட்டி காயாது, அதனால அந்த ரெண்டு மாசம் மெஷினை நிறுத்திடுவேன். அப்ப மழைத் தண்ணி. 1000 சதுர அடி மாடிக்கு ஒரு சென்டிமீட்டர் பேஞ்சாலே 900 லிட்டர், முதல் மழைய விட்டுட்டுப் பிடிச்சா சோப்பு அப்படி நுரைக்குது. 2003லயே வீட்டுக்கு வீடு மழைநீர் சேகரிப்பு கட்டாயம்னாங்க, எங்க வீட்டுல பைப்பை நட்டு வச்சதோட சரி, இப்பதான் சம்ப் கட்டினேன். பாய்லர் காயில்ல ஏற்கனவே படிஞ்ச சுண்ணாம்புக்கு எலுமிச்சை உப்பு (சிட்ரிக் ஆசிட்) போதும், கரைச்சு ஊற வச்சுக் கழுவுங்க.

கொல்லையில ஜிப்சம் போட்டு, ரெண்டு மழைக்காலத் தண்ணிய வடிய விட்டாச்சு. முருங்கை துளுத்திருக்கு. வாழைக்கன்னு இன்னும் பிடிக்கல, அம்மா மேற்குப் பக்கமா நட்டுப் பாக்குறாங்க.