கெட்ட நாளுக்கு ஒன்று, நல்ல நாளுக்கு ஒன்று

அன்புள்ள ஐயா,

உங்கள் எழுத்தை ஆறேழு வருடங்களாகப் படிக்கிறேன். இது இலக்கியம் பற்றிய கடிதம் இல்லை. ஆனாலும் வேறு யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை.

எனக்கு முப்பத்து நான்கு வயது. ஒரு சரக்குக் கிடங்கில் கணக்கெழுதும் வேலை. மனைவி வீட்டிலிருந்தே துணி தைத்துக் கொடுக்கிறாள்; அதில் ஒரு மாதம் வருமானம் வரும், ஒரு மாதம் வராது. எட்டு வயதில் ஒரு மகள். சம்பளம் ஒன்றாம் தேதி வந்தால் இருபதாம் தேதிக்குள் தீர்ந்துவிடுகிறது. மீதி நாட்கள் கைமாற்றில் ஓடுகின்றன. தேவைக்கு 50 பங்கு, விருப்பத்துக்கு 30, சேமிப்புக்கு 20 என்று ஒரு கணக்கு சொல்கிறார்களே, அதையும் முயன்றேன். வாடகை, சாப்பாடு, பயணம், பள்ளி, மாதம் 3 வட்டிக்கு வாங்கிய ஒரு கடன் என்று 90 பங்குக்கு மேல் போய்விடுகிறது.

போன வருடம் மூன்று முறை சேமிக்கத் தொடங்கினேன். முதல் பணம் மகளின் காய்ச்சலுக்குப் போனது. இரண்டாவது, மனைவியின் தையல் மெஷின் பழுதானபோது. மூன்றாவதை உறவில் ஒருவர் கேட்டு வாங்கினார், இன்னும் திரும்பவில்லை.

மகளின் பிறந்தநாளுக்குச் சினிமாவுக்குக் கூட்டிப்போனேன். படம் முழுக்க டிக்கெட், போக வர வண்டிச் செலவு என்று மனசுக்குள் கூட்டிக்கொண்டே இருந்தேன். வெளியே வந்ததும் அவள், “உனக்குப் படம் பிடிக்கலையாப்பா?” என்று கேட்டாள். அன்று இரவு தூக்கம் வரவில்லை. சேமிக்கவும் தெரியவில்லை, சந்தோஷமாக இருக்கவும் தெரியவில்லை. நான் எங்கே தவறு செய்கிறேன்?

(பெயர் வேண்டாம்)

*

அன்புள்ள நண்பருக்கு,

அந்த மூன்று சேமிப்புகளிலிருந்தே தொடங்குகிறேன். மூன்று முறையும் தோற்றுவிட்டதாக நினைத்துத்தான் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மகளுக்குக் காய்ச்சல் வந்த நாளில் கையில் பணம் இருந்தது. இல்லாதிருந்தால் அதுவும் 3 வட்டிக்கு வந்திருக்கும். மெஷின் பழுதானபோது பணம் இருந்ததால் உங்கள் மனைவியின் வேலை நிற்கவில்லை. சேமிப்பு எதற்கு இருக்கிறதோ அதைத்தான் அந்த இரண்டு முறையும் செய்தது. சேர்த்த பணம் செலவானால் சேமிப்பே போய்விட்டது என்று நமக்கு யாரோ சொல்லிவைத்திருக்கிறார்கள். வசதியுள்ளவர்களுக்கு அது ஓரளவு பொருந்தலாம். உங்களுக்கும், ஒரு காலத்தில் எனக்கும், பொருந்தாது.

வங்கதேசம், இந்தியா, தென்னாப்பிரிக்கா ஆகிய மூன்று நாடுகளில் மிகக் குறைந்த வருமானத்தில் வாழும் 250-க்கும் மேற்பட்ட குடும்பங்களை ஏறத்தாழ ஒரு வருடம் தொடர்ந்து சந்தித்து, வரவு செலவு முழுவதையும் நாட்குறிப்பு போல எழுதிய ஆய்வு ஒன்று உண்டு. ஸ்டூவர்ட் ரதர்ஃபோர்ட், ஜொனாதன் மோர்டக் போன்றவர்கள் செய்தது, 2009-ல் நூலாக வந்தது. அந்தக் குடும்பங்களின் கையிருப்பு எந்த நாளில் பார்த்தாலும் சொற்பம்தான். ஆனால் வருடம் முழுக்க அவர்கள் கைவழியாகச் சேமிப்பாக, கடனாக, கைமாற்றாக உள்ளே வந்து வெளியே போன தொகை அந்த இருப்பைவிடப் பல மடங்கு பெரியது. வருமானம் குறைவு என்பது மட்டும் அவர்கள் சிக்கல் இல்லை. அது எப்போது வரும், எவ்வளவு வரும் என்று தெரியாததும் அதே அளவு சிக்கல். உங்கள் மனைவியின் தையல் வருமானத்தைப் பற்றி நீங்கள் ஒரு வரியில் சொல்லிப்போனதும் அதுதான். எனக்கு அந்த வரிதான் கடிதத்திலேயே முக்கியமானதாகப் பட்டது.

50-30-20 கணக்கை விட்டுவிடுங்கள். அதை 2005-ல் பிரபலமாக்கியவர்கள் அப்போது அமெரிக்காவில் சட்டப் பேராசிரியராக இருந்த எலிசபெத் வாரனும் அவர் மகளும். மனதில் வைத்திருந்தது அமெரிக்க நடுத்தரக் குடும்பங்களை. வருமானம் குறையக் குறைய அதில் சாப்பாட்டுக்குப் போகும் பங்கு கூடும் என்பதை எர்ன்ஸ்ட் ஏங்கல் என்ற ஜெர்மானியப் புள்ளியியலாளர் 1857-லேயே, பெல்ஜியத் தொழிலாளர் குடும்பங்களின் செலவுக் கணக்கை வைத்துக் காட்டிவிட்டார். உங்கள் வீட்டில் தேவைகளே 90 பங்கை விழுங்குவது உங்கள் ஒழுங்கீனத்தால் நடப்பதில்லை. குறைந்த வருமானத்தின் இயல்பே அது. பொருந்தாத சட்டையைப் போட்டுப் பார்த்துவிட்டு உடம்பைக் குறை சொல்லாதீர்கள்.

சரி, அந்தச் சினிமா.

தமிழ்நாட்டின் கரும்பு விவசாயிகள் 464 பேரிடம் ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷாஃபிர், ஜியாயிங் ஜாவோ ஆகியோர் செய்த ஓர் ஆய்வு 2013-ல் வெளிவந்தது. கரும்பில் பணம் அறுவடைக்குப் பிறகுதான் கைக்கு வரும். அதனால் அதே ஆள் வருடத்தில் சில மாதம் கைகடிப்பிலும், சில மாதம் கொஞ்சம் தாராளமாகவும் இருப்பார். அறுவடைக்கு முன்பும் பின்பும் அவர்களுக்குச் சிந்தனைத் திறனைச் சோதிக்கும் பயிற்சிகள் கொடுத்துப் பார்த்தார்கள். பணத்தட்டுப்பாடு இருந்த மாதங்களில் அதே மனிதர்கள் அவற்றை அவ்வளவு நன்றாகச் செய்யவில்லை. புத்தி குறைந்துவிடவில்லை. பாதி புத்தி வேறொரு இடத்தில் கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தது.

இருட்டில் உட்கார்ந்து நீங்கள் டிக்கெட் காசைக் கூட்டிக்கொண்டிருந்தது அதுதான். சந்தோஷப்படத் தெரியாத ஆள் நீங்கள் இல்லை. அந்தப் பணம் எங்கிருந்து எடுக்கப்பட்டது என்று உங்களுக்கே தெரியாது, அதனால் அது எல்லாவற்றிலிருந்தும் திருடிய பணமாக இருந்தது. வாடகையிலிருந்து, கடனிலிருந்து, அடுத்த காய்ச்சலிலிருந்து. அப்படிப்பட்ட பணத்தில் யாராலும் படம் பார்க்க முடியாது.

சின்னச் சின்னச் சந்தோஷங்களை வெட்டுங்கள் என்று உங்களுக்குப் பலர் சொல்லியிருப்பார்கள். நான் சொல்ல மாட்டேன். அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டூஃப்லோவும் (2019-ல் பொருளாதார நோபல் பெற்றவர்கள்) மொராக்கோவின் ஒதுக்குப்புறக் கிராமம் ஒன்றில் சந்தித்த மனிதரைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். வீட்டில் சாப்பாட்டுக்கே பற்றாக்குறை, ஆனால் டிவி இருந்தது. ஏன் என்று கேட்டால், சாப்பாட்டைவிட டிவி முக்கியம் என்று சிரித்தபடி சொன்னாராம். இதை ஊதாரித்தனம் என்று ஒதுக்குகிறவர்கள் வேலையில்லாத மாதங்களில் ஒரு கிராமத்துச் சாயங்காலம் எவ்வளவு நீளம் என்று அறியாதவர்கள். மனிதனுக்கு எதிர்பார்த்துக் காத்திருக்க ஏதாவது வேண்டும். அது இல்லாமல் ஒருவரால் பல வருடம் சிக்கனமாக இருக்க முடியாது. ஒரு நாள் உடைந்து, கையில் இருப்பதையெல்லாம் மொத்தமாகச் செலவு செய்துவிடுவார்கள். நான் செய்திருக்கிறேன்.

இருபத்தைந்து வயதிலிருந்து ஏழு வருடம் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தும் வேலை பார்த்தேன். சம்பளம் குறைவு. அதையும் முதலாளி தவணை தவணையாகத்தான் கொடுப்பார். மூன்று மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு சேர்ப்பேன், நான்காவது மாதம் எல்லாம் காலியாகும். அப்போது என் அக்கா ஒரு யோசனை சொன்னாள். பழைய கல்யாணப் பத்திரிகை உறைகள் இரண்டை எடுத்தாள். ஒன்றில் “கெட்ட நாள்” என்று எழுதினாள், இன்னொன்றில் “நல்ல நாள்”. பணம் எவ்வளவு வந்தாலும், எந்தத் தேதியில் வந்தாலும், வந்த அன்றைக்கே இரண்டிலும் ஏதாவது போட வேண்டும். முதல் உறையில் மூன்று பங்கு, இரண்டாவதில் ஒரு பங்கு. நல்ல நாள் உறையை முழுக்கச் செலவு செய்தே ஆக வேண்டும், மிச்சம் பிடிக்கக் கூடாது என்பது அவள் போட்ட சட்டம். எனக்கு அந்த இரண்டாவது விதிதான் கஷ்டமாக இருந்தது. நான்கு மாதம் சேர்த்து அதில் ஒரு பழைய அகராதி வாங்கினேன். வாங்கிவிட்டு வீடு வரும்வரை ஒரு கணக்கும் போடவில்லை. அந்த அகராதி இன்றும் கை எட்டும் தூரத்தில் இருக்கிறது.

அக்கா எந்த ஆய்வையும் படித்தவள் இல்லை. கென்யாவில் பாஸ்கலின் டுபாஸ், ஜொனாதன் ராபின்சன் இருவரும் நடத்தி 2013-ல் வெளியிட்ட சோதனையைப் பல வருடம் கழித்துப் படித்தபோது அவளை நினைத்துக்கொண்டேன். அங்கே ஒரு குழுவினருக்குப் பூட்டுள்ள சாதாரணப் பெட்டியும் சாவியும் கொடுத்து, அதை உடல்நலச் செலவுக்கென்று வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். வட்டி கிடையாது. சாவி அவர்களிடமே இருந்ததால் எப்போது வேண்டுமானாலும் திறக்கலாம். அதுவே உடல்நலத்துக்கான சேமிப்பை 66 சதவீதம் கூட்டியது. இந்தக் காசு இதற்கு என்று பணத்துக்கு ஒரு பெயர் வந்துவிட்டால் அதில் கை வைக்க மனசு கொஞ்சம் தயங்குகிறது.

ஆனால் உறவினர்களும் நண்பர்களும் அடிக்கடி கேட்கும் நிலையில் இருந்தவர்களுக்கு, இன்ன செலவுக்கு மட்டும்தான் என்று இன்னும் கறாராகக் கட்டிவைத்த முறை உதவியது என்றும் அதே சோதனையில் தெரிந்தது. உங்கள் மூன்றாவது சேமிப்பைப் பற்றி இதைப் படித்ததும் யோசித்தேன். உறவில் கேட்டால் இல்லை என்று சொல்வது எளிதில்லை. நாளை நீங்களும் அவர் வீட்டுப் படியேற வேண்டிவரலாம். அதனால் எப்போதும் மறுங்கள் என்று சொல்ல மாட்டேன். கெட்ட நாள் பணத்தை மட்டும் வீட்டில் வைக்காதீர்கள். மனைவியின் பெயரில் தனிக் கணக்கில் போடுங்கள். கேட்டால், “அவளிடம்தான் இருக்கிறது, குழந்தை வைத்தியத்துக்கு எடுத்து வைத்தது” என்று உண்மையைச் சொல்லலாம்.

பணத்தை எட்டாத இடத்தில் வைக்க மனிதர்கள் கூலியே கொடுத்திருக்கிறார்கள். விஜயவாடாவில் வீடு வீடாகப் போய்ச் சேமிப்பு வசூலித்த ஒரு பெண்ணைப் பற்றி ரதர்ஃபோர்ட் எழுதியிருக்கிறார். அட்டையில் 220 கட்டம். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரே சிறுதொகை. எல்லாம் நிரம்பியதும் 200 கட்டத்துக்கான பணம் திரும்பும், 20 கட்டம் அந்தப் பெண்ணின் கூலி. போட்டதைவிடக் குறைவாகத்தான் கிடைக்கும் என்று தெரிந்தே பெண்கள் போட்டார்கள். வீட்டில் வைத்தால் ஒரு கட்டம்கூட மிஞ்சாது என்று அவர்களுக்குத் தெரியும். அவர்களை ஏமாந்தவர்கள் என்று நான் நினைக்கவில்லை.

எவ்வளவு சேர்க்க வேண்டும்? ஆறு மாதச் செலவைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்ற பேச்சை இப்போதைக்குக் காதில் வாங்காதீர்கள். போன வருடக் காய்ச்சலுக்கு எவ்வளவு ஆனதோ, அதுதான் முதல் இலக்கு. அப்புறம் காய்ச்சலும் மெஷின் பழுதும் சேர்ந்த தொகை. கேட்க அற்பமாக இருக்கும். அர்பன் இன்ஸ்டிட்யூட் என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனம் 2016-ல் அமெரிக்கக் குடும்பங்களைப் பற்றி வெளியிட்ட ஆய்வில், வெறும் 250 முதல் 749 டாலர் கையிருப்பு இருந்த குடும்பங்கள்கூட, வேலை போவது போன்ற அடிக்குப் பிறகு, இருப்பே இல்லாதவர்களைவிடக் குறைவாகத்தான் வீட்டிலிருந்து வெளியேற்றப்பட்டன. கொஞ்சம் சேமிப்புள்ள குறைந்த வருமானக் குடும்பங்கள், சேமிப்பே இல்லாத நடுத்தர வருமானக் குடும்பங்களைவிட நன்றாகத் தாக்குப்பிடித்தன. 250 டாலர் என்பது அங்கே பெரிய பணம் இல்லை.

அந்த முதல் இலக்கைத் தொட்டதும் நிறுத்திவிட்டு, கடன் பக்கம் திரும்புங்கள். நீங்கள் வட்டி மட்டும் கட்டுகிறீர்களா, அசலும் குறைகிறதா என்று எழுதவில்லை. மாதம் 3 வட்டியை மட்டும் கட்டிவந்தால் 34-ஆவது மாதம் அசல் அளவுக்கு மேலேயே வட்டி கொடுத்து முடித்திருப்பீர்கள். அசல் அப்படியே நிற்கும். கட்டத் தவறி வட்டிக்கு வட்டி ஏறினால், வருடத்துக்கு 36 என்று நினைத்தது 42-ஐத் தாண்டும். உங்கள் பணத்துக்கு வருடம் 36 சதவீதம் பாதுகாப்பாகத் தரும் சேமிப்புத் திட்டம் எதுவும் இல்லை. அதனால் அசலில் அடைக்கும் ஒவ்வொரு சிறு தொகையும் உங்களுக்குக் கிடைக்கக்கூடிய ஆகச் சிறந்த சேமிப்பு. குறைந்த வட்டிக்கு வேறு இடத்தில் வாங்கி இதை மொத்தமாக அடைக்க வழி இருந்தால், கூச்சப்படாமல் கேளுங்கள். மேலே சொன்ன உறைகள் எல்லாவற்றையும்விட அது அதிகம் மிச்சப்படுத்தும்.

இதெல்லாம் செய்தும் போதாமல் இருக்கலாம். அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். தேவைகளே 90 பங்கு என்றால், எவ்வளவு கெட்டிக்காரத்தனமாகப் பிரித்தாலும் மிஞ்சுவது 10-க்குள்தான். அதற்குமேல் செலவைக் குறைக்க இடமில்லை, வரவு கூடினால்தான் உண்டு. கிடங்கில் இத்தனை வருடம் கணக்கெழுதியிருக்கிறீர்கள். கடைசியாகச் சம்பள உயர்வு கேட்டது எப்போது? தையல் வேலையில் முன்பணம் வாங்கும் வழக்கத்தைக் கொண்டுவர முடியுமா? இதை உங்கள் மனைவியோடு உட்கார்ந்து பேசுங்கள். கடிதத்தில் நீங்கள் தனியாகவே கணக்குப் போடுகிறீர்கள், தனியாகவே தூங்காமல் கிடக்கிறீர்கள். அவருக்கும் தெரியட்டும்.

மகளின் கேள்விக்கு நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள் என்று எழுதவில்லை. ஒன்றும் சொல்லாமல் விட்டிருந்தால், இப்போதும் சொல்லலாம். எட்டு வயதுக் குழந்தைக்குப் புரியும். அப்பா அன்றைக்குக் காசை நினைத்துக்கொண்டிருந்தேன், படத்தை ஒழுங்காகப் பார்க்கவில்லை என்று சொல்லுங்கள். அப்புறம் அந்த “நல்ல நாள்” உறையின் மேல் அவள் கையாலேயே எழுதச் சொல்லுங்கள். அது எதற்கு என்பதையும் அவளே முடிவு செய்யட்டும். மாதாமாதம் காசை உள்ளே போடுவதும் அவள் வேலையாக இருக்கட்டும். அடுத்த முறை படத்துக்குப் போகும்போது டிக்கெட்டை அவள் எடுப்பாள், உங்களுக்குக் கூட்டிப்பார்க்க எதுவும் இருக்காது.

படம் எப்படி இருந்தது என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.