கழுத்தில் நூல் கட்டிய குதிரை

*வணக்கம். உப்புவெளியிலிருந்து எழுதுகிறேன். கணினியில் நைட்மேட் என்கிற செஸ் வகையை விளையாடுகிறேன். அதில் குதிரைதான் ராசா. ஃபேரி-ஸ்டொக்ஃபிஷ் என்கிற செஸ் புரோகிராம் ஒவ்வொரு முறையும் என்னைத் தோற்கடிக்கிறது. நேற்று மேட், அதாவது ராசா தப்ப வழியில்லாத செக், விழுந்ததே திரையில் எழுதியதைப் பார்த்துத்தான் தெரிந்தது. இந்தப் புதுவகை விளையாட்டுகளைப் பழக எந்தப் புரோகிராம் நல்லது?*

அன்புள்ள தம்பி,

புதுவகை இல்லை. நைட்மேட் 1972இல் வந்தது. செஸ் போன்ற ஜப்பானிய விளையாட்டான சூ ஷோகி பல நூற்றாண்டு பழையது. அதில் குடிகார யானை என்கிற காய் பட்டம் ஏறி இளவரசனாகிவிட்டால், ராசாவோடு அவனையும் வெட்டினால்தான் வெற்றி. எந்தப் புரோகிராம் என்பதை விடுங்கள்.

மேட்டைத் திரை சொல்லித் தெரிந்துகொண்டேன் என்று எழுத எப்படி மனம் வந்தது?

1990இல் இடம்பெயர்ந்த நாங்கள் திருக்கோணமலைக்குத் திரும்பி வந்து பார்த்தால், அம்மப்பாவின் செஸ் பெட்டியில் வெள்ளை ராசாவைக் காணோம். அம்மப்பா கறுப்பு ராசாவையும் எடுத்து வைத்துவிட்டு, பக்கத்துக்கு ஒரு குதிரையின் கழுத்தில் சிவப்பு நூல் கட்டி, "இனி இவர்தான் ராசா" என்றார். நைட்மேட் என்ற பெயரை நாங்கள் கேள்விப்பட்டதே இல்லை.

ஒரு நாள் அவருடைய நூல் குதிரை மூலையில் நின்றது. என் ராணியைக் கோணல் பக்கமாக அதை ஒட்டி வைத்துச் செக் சொன்னேன். ராணிக்குக் காவல் இல்லை. வெட்டிவிடுவார் என்று பயந்து கையை எடுக்காமலே இருந்தேன். "கையை எடு பிள்ளை, நான் என்ன செய்யலாம் எண்டு நீயே பார்" என்றார். நெடுநேரம் பார்த்தேன். ஒட்டி நிற்பதைக் குதிரையால் வெட்ட முடியாது. மூலையிலிருந்து அதற்குப் பாய இரண்டே கட்டம். இரண்டையும் ராணி பிடித்திருக்கிறது. மேட்! அம்மப்பா என் தலையைத் தடவினார்.

இன்னொன்றையும் அப்படித்தான் கண்டோம். குதிரை ஒவ்வொரு பாய்ச்சலிலும் நிறம் மாறும். வெள்ளைக் கட்டத்தில் நின்றால் கறுப்புக்குத்தான் ஓடும். மந்திரியோ கோணலாகத் தன் நிறத்திலேயே ஓடும். அதனால் செக் கொடுக்கிற மந்திரி, அது ஓடுகிற கட்டம் ஒன்றைக்கூட மறிக்காது. இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மழைக்காலம் முழுக்கத் தேவைப்பட்டது.

அந்தப் புரோகிராமுக்கு ராசாவின் நடை ஒரு வரி. குதிரை என்று மாற்றி எழுதினால் உடனே ஆடும். நாங்களோ பழைய ராசாவை மனதிலிருந்து இறக்க வேண்டும். அந்தக் கஷ்டத்தைத்தான் நீங்கள் திரையிடம் கொடுத்துவிட்டீர்கள்.

பலகை என்னிடம் இருக்கிறது, நூலும் அறவில்லை. ஞாயிறு பின்னேரம் டச்சு பே கடற்கரைக்கு வாருங்கள். ஃபோனை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள்.