கைப்பிடி அரிசியும் ஒரு கல்லும்: கோனி ஈவ்ஸ் பற்றிக் கேட்டீர்கள்

கனடாவின் ரத்த ஸ்டெம் செல் விஞ்ஞானி கோனி ஈவ்ஸ் பற்றி நான் எழுதிய நாலு வரிக் குறிப்புக்கு இத்தனை கேள்விகள் வரும் என்று நினைக்கவில்லை. (ரத்த அணுக்கள் எல்லாம் பிறக்கும் விதைச் செல்தான் ரத்த ஸ்டெம் செல்.) நான் டாக்டர் இல்லை. எலும்பு மஜ்ஜை லேபில் 22 வருடம் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவள். அந்த எல்லைக்குள் நின்று பதில் சொல்கிறேன்.

யார் இந்த அம்மா? இத்தனை நாள் பேரே காதில் விழவில்லையே? (தஞ்சாவூர் வாசகர்)

1944இல் பிறந்தவர். கனடாவின் குவீன்ஸ் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு, இங்கிலாந்தின் மான்செஸ்டரில் 1969இல் பிஎச்.டி. முடித்தார். அப்புறம் டொராண்டோவில், ரத்த ஸ்டெம் செல்லை முதலில் காட்டிய ஜேம்ஸ் டில், எர்னஸ்ட் மெக்கல்லக் இருவரிடமும் பயிற்சி. 1973இல் வான்கூவர் போனவர் கடைசிவரை அங்கேயேதான். 1981இல் கணவர் ஆலன் ஈவ்ஸுடன் சேர்ந்து டெர்ரி ஃபாக்ஸ் ஆய்வகத்தைத் தொடங்கினார். 2024 மார்ச்சில் காலமானார்.

பேர் காதில் விழாததற்கு என் கணக்கில் ஒரே காரணம்தான். மருந்து கண்டுபிடித்தவரை ஊர் கொண்டாடும், படி செய்து கொடுத்தவரை மறந்துவிடும். இவர் செய்து கொடுத்தது படி, ஸ்டெம் செல்லை அளக்கும் படி.

ஸ்டெம் செல்லை அளக்க என்ன இருக்கிறது? மைக்ராஸ்கோப்பில் வைத்து எண்ண வேண்டியதுதானே? (பி.எஸ்சி. மாணவி, மதுரை)

நல்ல இடத்தில் பிடித்தீர்கள் தங்கச்சி. எண்ண முடியாது, அதுதான் சங்கடம். ரத்த ஸ்டெம் செல்லுக்கு முகம் கிடையாது. மைக்ராஸ்கோப்பில் சின்னதாக, உருண்டையாக, பக்கத்தில் கிடக்கும் சாதாரண வெள்ளணு மாதிரியேதான் இருக்கும். அது என்ன செய்கிறது என்று பார்த்துத்தான் ஆளை அடையாளம் காண வேண்டும்.

1961இல் டில்லும் மெக்கல்லக்கும் அப்படித்தான் கண்டார்கள். கதிர்வீச்சு கொடுத்த எலிகளுக்கு மஜ்ஜை செல்களைச் செலுத்தினார்கள். பத்து நாளில் மண்ணீரலில் முடிச்சு முடிச்சாகத் திரண்டது. எவ்வளவு செல் போட்டார்களோ அதற்குத் தக்க முடிச்சுகள். ஒவ்வொரு முடிச்சும் ஒரே செல்லின் பிள்ளைகள் என்பது பிறகு தெரிந்தது.

ஆனால் முடிச்சு போடுகிற செல் எல்லாம் அசல் ஸ்டெம் செல் இல்லை. சில செல்கள் கொஞ்ச நாள் குட்டி போட்டுவிட்டு ஓய்ந்துபோகும். அசலானது மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். இரண்டையும் பிரிப்பது எப்படி? ஈவ்ஸ் குழு வைத்த பரீட்சை, காத்திருப்பது. மஜ்ஜையின் தாங்கு செல்களைப் படுக்கை மாதிரி விரித்து, அதன்மேல் சோதிக்க வேண்டிய செல்களை விட்டு, ஐந்து வாரத்துக்கும் மேலாக வளர்ப்பார்கள். அத்தனை வாரம் கழித்தும் புதிதாகக் கொத்துக் கட்டக்கூடிய செல்கள் அங்கே கிடைத்தால், முதலில் போட்டதில் அசலான ஒன்று இருந்தது என்று அர்த்தம்.

எலிக்கு அவர்கள் 1990இல் வெளியிட்ட கணக்கு இன்னும் அழகு. அரிசியில் கல் எவ்வளவு என்று தெரிய வேண்டுமா? மூட்டையைக் கொட்டிப் பொறுக்க வேண்டாம். கைப்பிடி கைப்பிடியாக அள்ளி, கல்லே இல்லாத கைப்பிடி எத்தனை என்று மட்டும் பாருங்கள். நூறில் 37 சுத்தமாக இருந்தால், சராசரியாகக் கைப்பிடிக்கு ஒரு கல். அதே மாதிரி, செல்களைக் குறைத்துக் குறைத்துப் பல எலிகளுக்குக் கொடுத்து, எத்தனை எலியில் அந்தச் செல்களிலிருந்து ரத்தம் ஊறவில்லை என்று பார்த்தார்கள். விடை, எலி மஜ்ஜையில் ஏறக்குறைய 10,000 செல்லுக்கு ஒரு ஸ்டெம் செல்.

செல்கள் தட்டில் கொத்துக் கட்டுகின்றனவா என்று பார்க்கும் சோதனையை நான் கையால் செய்திருக்கிறேன். செல் வளரும் ஊடகம் கூழ் மாதிரி பிசுபிசுவென்று இருக்கும், பிப்பெட்டில் ஏறாது, சிரிஞ்சில்தான் இழுக்க வேண்டும். பதினான்கு நாள் கழித்துத் தட்டைத் திறந்தால் சிவப்பணுக் கொத்துகள் குங்குமப் பொட்டு மாதிரி தெரியும். ஏன்தான் இந்த வேலைக்கு வந்தோம் என்று திட்டிக்கொண்டே இருந்தவளுக்கு அதைப் பார்த்ததும் எல்லாம் மறந்துபோகும்.

அப்பாவுக்கு சிஎம்எல் என்கிற ரத்தப் புற்றுநோய். ஐந்து வருடமாக அதற்கான இமாடினிப் மாத்திரை சாப்பிடுகிறார். ரிப்போர்ட் நன்றாக இருக்கிறது, மாத்திரையை நிறுத்தலாமா? இந்த அம்மாவின் ஆராய்ச்சிக்கும் இதற்கும் தொடர்பு உண்டா? (சேலம்)

முதலில் ஒன்று: நீங்களாக நிறுத்தாதீர்கள். தொடர்பு கட்டாயம் உண்டு.

சிஎம்எல்லில் 9ஆம் குரோமோசோமும் 22ஆம் குரோமோசோமும் துண்டு மாற்றிக்கொள்கின்றன. குட்டையாகிப்போன 22க்கு ஃபிலடெல்ஃபியா குரோமோசோம் என்று பெயர். நோய் கண்டுபிடிக்கும் நேரத்தில் மஜ்ஜையில் பிரிந்துகொண்டிருக்கும் செல் கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் அந்த அடையாளம் இருக்கும். நல்ல விதையே அழிந்துவிட்டது போலத் தோன்றும். 1983இல் ஈவ்ஸ் குழு அப்படிப்பட்ட மஜ்ஜையைத் தட்டில் வாரக்கணக்கில் வளர்த்துப் பார்த்தது. எதிர்பாராத சங்கதி: லுக்கீமியா (ரத்தப் புற்று) செல்கள் தேய்ந்தன, நல்ல செல்கள் தலைகாட்டின. களைக்கு அடியில் பயிர் உயிரோடுதான் அமுங்கிக் கிடந்திருக்கிறது.

அதை வைத்தே வான்கூவரில் ஒரு சிகிச்சை முயன்றார்கள். நோயாளியின் மஜ்ஜையை எடுத்து 10 நாள் தட்டில் வளர்ப்பது, கடுமையான சிகிச்சை கொடுத்துவிட்டு அவருக்கே திருப்பிச் செலுத்துவது. சிலருக்கு நல்ல ரத்தம் திரும்பியது. ஆனால் பலருக்கு நோயும் பின்னாலேயே வந்தது. 2001இல் இமாடினிப் வந்ததும் அந்த வழி பின்னுக்குப் போய்விட்டது. (அந்த மாத்திரைக்கான காப்புரிமையை 2013இல் நம் உச்ச நீதிமன்றம் மறுத்தது. உள்நாட்டுக் கம்பெனிகளின் மலிவு மாத்திரை நிலைத்ததற்கு அந்தத் தீர்ப்பும் ஒரு காரணம்.)

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஈவ்ஸ் லேபில் வேலை பார்த்த ஸ்காட்லாந்து டாக்டர் டெஸ்ஸா ஹோலியோக், சிஎம்எல் ஸ்டெம் செல்களில் சில பிரியாமல் தூங்கிக்கொண்டிருப்பதை 1999இல் காட்டினார். அந்தத் தூங்குமூஞ்சிகளை இமாடினிப் லேசில் கொல்வதில்லை. அதனால்தான் நிறுத்தியதும் சிலருக்கு நோய் திரும்புகிறது. பல வருடம் ரிப்போர்ட்டில் நோய் ஆழமாக அடங்கி இருப்பவர்களுக்கு டாக்டரே நிறுத்திப் பார்ப்பதும் உண்டு, மிச்ச நோயை அளக்கும் பிசிஆர் ரத்தப் பரிசோதனையை அடிக்கடி செய்துகொண்டு. அதை உங்கள் ரத்தநோய் டாக்டரிடமே கேளுங்கள்.

டெர்ரி ஃபாக்ஸ் ஒரு விஞ்ஞானியா?

இல்லை. எலும்புப் புற்றுநோயால் ஒரு காலை இழந்த பையன். ஆராய்ச்சிக்கு நிதி திரட்ட 1980இல் செயற்கைக்காலோடு கனடாவின் குறுக்கே 143 நாள், 5,373 கிலோமீட்டர் ஓடினான். நோய் நுரையீரலுக்குப் பரவியதால் நிற்க வேண்டியதாயிற்று. அடுத்த வருடம் 22 வயதில் இறந்தான். அவன் பெயரில் நடக்கும் ஓட்டம் சென்னை ஐஐடி வளாகத்திலும் நடந்திருக்கிறது.

கணவரும் மனைவியும் ஒரே லேப் என்றால் பெருமை கணவருக்குத்தானே போயிருக்கும்? (பெயர் வேண்டாம் என்கிறார்)

இங்கே அப்படி ஆகவில்லை. செல் வளர்க்கும் ஊடகத்தை லேபில் தயாரித்து மற்ற லேப்களுக்கும் கொடுத்துவந்தார்கள். கேட்பவர்கள் பெருக, 1993இல் ஆலன் அதை ஸ்டெம்செல் டெக்னாலஜீஸ் என்ற கம்பெனியாக்கினார். இன்று அங்கே ஆயிரம் பேருக்கு மேல் வேலை. கோனி ஆராய்ச்சியிலேயே நின்றார். 2019இல் கனடாவின் கெய்ர்ட்னர் வைட்மன் விருதும், 2021இல் லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினர் பதவியும் அவர் பெயருக்கே வந்தன. எழுபது தாண்டிய பிறகா என்று எனக்கு ஒரு முணுமுணுப்பு உண்டு.

நாலு பிள்ளை வேறாமே, எப்படிச் சமாளித்தார்?

நாலு பேர், உண்மைதான். ஆலனுக்கும் அதே நாலு பேர்தான், அவரைப் பற்றி யாரும் கேட்கக் காணோம். அடுத்த கேள்வி.

மார்பகப் புற்றுநோயிலும் வேலை செய்தாரா? (திருச்சி)

ஆமாம், அதே கல் பொறுக்கும் கணக்கோடு. ஒரே ஒரு செல்லிலிருந்து எலியின் பால் சுரப்பி முழுவதும் வளர முடியும் என்று 2006இல் அவர் குழு காட்டியது. ஆஸ்திரேலியாவில் ஜேன் விஸ்வேடரின் குழுவும் தனியாக அதையே கண்டது. இரண்டு கட்டுரைகளும் அதே வருடம் நேச்சர் இதழில் வந்தன. எங்கே ஸ்டெம் செல் இருக்கிறது என்று தெரிந்தால்தான் புற்று எந்தச் செல்லில் தொடங்குகிறது என்று தேட முடியும்.

பேத்திக்குத் தொப்புள்கொடி ரத்தம் சேமிக்கச் சொல்கிறார்கள். பிற்காலத்தில் ரத்தப் புற்றுநோய் வந்தால் உதவுமாமே?

அவளுக்கே திருப்பிக் கொடுக்கவா? குழந்தை லுக்கீமியாவில் பல சமயம் முதல் கோளாறு பிறக்கும்போதே ரத்தத்தில் இருக்கும். அதையே திருப்பிக் கொடுத்து என்ன பயன்? பிற்காலச் சொந்த உபயோகத்துக்கென்று தனியார் வங்கியில் சேமிக்க அறிவியல் ஆதாரம் இல்லை என்று ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) வழிகாட்டுதலே சொல்கிறது. வீட்டில் ஏற்கெனவே ரத்த நோயுள்ள மூத்த குழந்தை இருந்தால் கதை வேறு, அப்போது டாக்டரைக் கேளுங்கள்.

இந்தத் துறைக்கு வர ஆசை. எங்கே போவது, என்ன படிப்பது? (பிளஸ் டூ, விருதுநகர்)

தூரம் போக வேண்டாம். வேலூர் சிஎம்சியில் ஸ்டெம் செல் ஆராய்ச்சி மையம் இருக்கிறது. ஹீமோஃபிலியா (ரத்தம் சரியாக உறையாத நோய்) உள்ள ஐந்து பேரின் ரத்த ஸ்டெம் செல்லில் மரபணுவைச் சேர்த்து அவர்களுக்கே திருப்பிக் கொடுத்த சிகிச்சையை அவர்கள் 2024இல் வெளியிட்டார்கள். படிப்பைக் கேட்டால், பயாலஜி எப்படியும் படிப்பீர்கள். புள்ளியியலை மட்டும் விட்டுவிடாதீர்கள். அந்த 37 எங்கிருந்து வந்தது என்று இன்றைக்கு ராத்திரி கணக்கு சாரிடம் கேட்டுப் பாருங்கள். விடை தெரிந்தால் இங்கேயே வந்து எழுதுங்கள்.