பக்கத்து மனையில் ஆயிரம் வீடுகள் எழும்போது: கேள்வி-பதில்

சென்னையின் தெற்கே பழைய மகாபலிபுரம் சாலை, பெரும்பாக்கம், மேடவாக்கம் பக்கம் அடுக்குமாடிகள் எழும் இடங்களில் தூசும் சத்தமும்தான் முதல் புகார். கண்ணிலும் காதிலும் படுவது அவைதானே. ஆனால் பின்னால் சரிசெய்யவே முடியாத சேதம் பெரும்பாலும் தரைக்குக் கீழே, தோண்டத் தொடங்கிய முதல் சில மாதங்களில் நடந்துவிடுகிறது. அதனால் நிலத்தடி நீரிலிருந்தே தொடங்குகிறோம்.

எங்கள் வீட்டிலிருந்து 12 மீட்டர் தள்ளி இரண்டு அடுக்கு பேஸ்மென்ட் தோண்டுகிறார்கள். இரவும் பகலும் மோட்டார் ஓடுகிறது. எங்கள் போரில் தண்ணீர் இறங்கிவிட்டது, வாசல் கதவு இழுத்துப் பிடிக்கிறது. மோட்டாரை நிறுத்தச் சொல்லலாமா?

எல்லாக் கட்டத்திலும் அப்படிச் சொல்ல முடியாது. நீர்மட்டம் தரைக்கு 2 மீட்டர் கீழே இருக்கிறது, பள்ளம் 7 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ராஃப்ட் (கட்டடம் முழுவதற்கும் அடியில் போடும் ஒரே கான்கிரீட் அஸ்திவாரத் தளம்) போட்ட பிறகு அதன் அடியில் 5 மீட்டர் நீர் அழுத்தம், அதாவது சதுர மீட்டருக்கு 5 டன், மேல்நோக்கித் தள்ளும். 1 மீட்டர் தடிமன் ராஃப்ட்டின் எடை சதுர மீட்டருக்கு 2.5 டன்தான். மேலே ஒவ்வொரு தளமும் ஏறத்தாழ 1 டன் சேர்க்கும். கூடுதல் பாதுகாப்பும் சேர்த்துக் கணக்கிட்டால் 3, 4 தளங்கள் ஏறும்வரை மோட்டாரை நிறுத்தினால் ராஃப்ட் தூக்கிக்கொள்ளும். மேலே கட்டடம் இல்லாத வெறும் பார்க்கிங் பகுதியில் அந்த எடை சேரவே சேராது. அங்கே மேல்நோக்கிய இழுவை தாங்கும் பைல் (ஆழத்தில் இறக்கும் கான்கிரீட் தூண்) இருந்தாக வேண்டும். எந்தத் தளம் முடிந்ததும் நீர் இறைப்பதை நிறுத்துவீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். தயங்காமல் பதில் வந்தால் வடிவமைப்பாளர் கணக்குப் போட்டிருக்கிறார் என்று பொருள்.

கதவு பிடிப்பதற்குக் காரணம் இரண்டாக இருக்கலாம். நீர்மட்டம் 1 மீட்டர் இறங்கினால் அடியில் உள்ள களிமண் மேல் சதுர மீட்டருக்கு 1 டன் கூடுதல் பாரம் ஏறியதற்குச் சமம். களிமண் மெதுவாக, மாதக்கணக்கில் அமுங்கும். இன்னொன்று இதைவிட மோசம்: மோட்டார் தண்ணீரோடு நுண்மணலையும் உறிஞ்சுவது. அப்போது உங்கள் அஸ்திவாரத்தின் அடியில் பொந்து விழும். இதை நீங்களே பார்க்கலாம். வெளியேறும் குழாயில் 1 லிட்டர் பாட்டிலில் தண்ணீர் பிடித்து ஒரு மணி நேரம் அசையாமல் வையுங்கள். ஆழ்குழாய் ஓடத் தொடங்கிய முதல் நாளில் சிறிது கலங்கல் இருப்பது வழக்கம். வாரம் கடந்தும் அடியில் மணல் படிந்தால் குழாயைச் சுற்றி மணலைத் தடுக்கப் போடும் வடிகட்டிச் சரளை சரியில்லை. அந்தக் குழாயை மூடிவிட்டுப் புதிதாகப் போடச் சொல்ல வேண்டும்.

சுவரில் விரிசல் இருந்தால் அதன் குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டை இரு முனையிலும் எபாக்ஸி வைத்து ஒட்டித் தேதி எழுதுங்கள். கண்ணாடி உடைந்தால் சுவர் இன்னும் நகர்கிறது. பள்ளத்தின் நான்கு பக்கமும் பீஸோமீட்டர் (நிலத்தடி நீர்மட்டம் அளக்கும் குழாய்) வைத்துத் தினமும் நீர்மட்டம் எடுக்கிறார்களா, உங்கள் சுவரில் குறி வைத்து வாரம் ஒருமுறை மட்டம் பார்க்கிறார்களா என்று கேளுங்கள். இறைத்த நீரில் ஒரு பகுதியை உங்கள் எல்லை ஓரமாகக் கிணறு போட்டு மண்ணுக்கே திருப்பிவிட்டால் உங்கள் பக்கம் மட்டம் இறங்காது. மிச்சம் வடிகாலுக்குப் போகும் முன் வண்டல் தொட்டியைத் தாண்ட வேண்டும். மணிக்கு 60 கன மீட்டர் இறைத்தால் 10 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 2 மீட்டர் ஆழத் தொட்டி ஒரு மணி நேரத் தேக்கம் தரும். மூன்றில் ஒரு பங்கு சேறு நிரம்பியதும் வார வேண்டும்; அதை விட்டால் தொட்டி வெறும் கால்வாய்தான்.

வேலை தொடங்குமுன் அக்கம்பக்கத்து வீடுகளைப் படம் எடுத்துத் தேதியிட்டு, இரு தரப்பும் கையெழுத்திட்டு வைத்துக்கொள்வதே எல்லாவற்றிலும் முக்கியம். பள்ளம் பாதி தோண்டிய பிறகு எடுத்த படத்தை வைத்து, எந்த விரிசல் பழையது, எது புதியது என்று யாராலும் அறுதியிட முடியாது.

தோண்டிய மண் எங்கே போகிறது என்று கேட்டால் "பார்ட்டி எடுத்துக்கிட்டாங்க" என்கிறார்கள். இது கவலைப்பட வேண்டிய விஷயமா?

கட்டட இடிபாட்டைவிட இதுதான் பெரிது. 4,000 சதுர மீட்டர் பேஸ்மென்ட், 7 மீட்டர் ஆழம் என்றால் 28,000 கன மீட்டர். தோண்டினால் மண் உப்பும். 25% சேர்த்தால் 35,000. ஒரு டிப்பர் 14 கன மீட்டர் ஏற்றினால் 2,500 நடை. இவ்வளவு மண்ணைக் காசு கொடுத்து யாரும் தொலைதூரம் கொண்டுபோக மாட்டார்கள். பக்கத்துத் தாழ்வான நிலம்தான் கண்ணில் படும். தென்சென்னையில் தாழ்வான நிலம் என்றால் பெரும்பாலும் ஏரி ஓரம், அல்லது பள்ளிக்கரணைச் சதுப்பின் விளிம்பு. 2022-ல் உலக முக்கியத்துவம் உள்ள சதுப்புநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்த அந்தச் சதுப்பு சுமார் 1,248 எக்டேர்.

ஒவ்வொரு நடைக்கும் வண்டி எண், நேரம், இறக்கும் இடத்தின் சர்வே எண், அங்கே பெற்றுக்கொண்டவர் கையெழுத்து ஆகியவை உள்ள சீட்டு இருக்க வேண்டும். இறக்கும் இடம் தனியார் பட்டாவா, நீர்நிலைப் புறம்போக்கா என்பதை அந்த சர்வே எண்ணே சொல்லிவிடும். மேல்மண் 20 செ.மீ. தனியாக வாரி, மூடி வைத்துத் தோட்டத்துக்குப் பயன்படுத்த வேண்டும் என்பது சுற்றுச்சூழல் அனுமதியில் வழக்கமாக வரும் நிபந்தனை. அதையும் முதல் வாரத்திலேயே லாரி ஏற்றிவிட்டு, கடைசியில் செம்மண் விலைக்கு வாங்குவது நம் ஊர் வழக்கம்.

இடிபாட்டுக்கு வருவோம். புதுக் கட்டுமானத்தில் சதுர மீட்டருக்கு 40 முதல் 60 கிலோ கழிவு வரும் என்பது இந்தியாவில் பயன்படும் தோராயம். 2026 ஏப்ரல் வரை நடப்பில் இருந்த 2016 கட்டடக் கழிவு விதிகளின்படி நாளுக்கு 20 டன், அல்லது ஒரு திட்டத்தில் மாதம் 300 டன் தாண்டினால் கான்கிரீட், மண், இரும்பு-மரம்-பிளாஸ்டிக், செங்கல்-கலவை என நான்காகப் பிரித்தே வைக்க வேண்டியிருந்தது. மாநகராட்சியின் மறுசுழற்சி ஆலைகள் பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் உள்ளன. ஜிப்சம் பலகைத் துண்டையும் பெயின்ட் டப்பாவையும் கான்கிரீட் குவியலில் கலந்துவிட்டால் அதை அரைத்துப் பயன்படுத்த முடியாமல் போகும்.

பச்சை வலை கட்டியிருக்கிறார்கள், தண்ணீரும் தெளிக்கிறார்கள். ஆனாலும் வீடு முழுக்கத் தூசு. ஏன்?

உங்கள் வீட்டுத் தூசு பெரும்பாலும் கட்டடத்திலிருந்து வருவதில்லை, வாசல் கேட்டிலிருந்து வருகிறது. டயரில் ஒட்டிய சேறு சாலையில் விழுந்து, காய்ந்து, பிற வண்டிகள் ஏறி அரைத்துப் பறக்கிறது. அளவுக்கு மீறித் தண்ணீர் தெளித்தால் சேறு கூடி மறுநாள் தூசும் கூடும். டிப்பர் டயரின் சுற்றளவு சுமார் 3.3 மீட்டர், சக்கரம் இரண்டு சுற்றாவது நனைய வேண்டும் என்றால் கழுவும் தொட்டி 7 மீட்டருக்குக் குறையக்கூடாது. 2 மீட்டர் தொட்டியை விளம்பரத்துக்கு வைத்திருப்பதையும் பார்க்கலாம். தொட்டியிலிருந்து கேட் வரை 15 மீட்டராவது கான்கிரீட் தரை வேண்டும்.

மத்திய அரசின் 2018 அறிவிக்கை காற்றுத் தடுப்பு கட்டட உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதிகபட்சம் 10 மீட்டர் என்கிறது. மெல்லிய வலை மட்டும் போதாது. அடிப்பகுதி தகடாக இருக்க வேண்டும். டைல்ஸ், கிரானைட், ஏஏசி பிளாக் (எடை குறைந்த நுரைக் கான்கிரீட் கல்) அறுப்பதை மூடிய அறையில், தண்ணீர் விழும் கட்டரில் செய்ய வேண்டும். நுரையீரலுக்குள் போகும் நுண்ணிய சிலிக்கா இங்கேதான் கிளம்புகிறது. முதலில் மாட்டிக்கொள்வது அங்கே நிற்கும் தொழிலாளி.

இரவு 2 மணிக்கு கான்கிரீட் போடுகிறார்கள். "ராஃப்ட் பாதியில் நிறுத்த முடியாது" என்கிறார்கள். உண்மையா?

பாதி உண்மை. குடியிருப்புப் பகுதியில் இரவு 10 முதல் காலை 6 வரை சத்தம் எழுப்பும் கட்டுமான இயந்திரங்களை இயக்கக்கூடாது என்று ஒலி மாசு விதிகளே சொல்கின்றன. இரவு வரம்பு 45 டெசிபல். ஒரு பம்ப் மணிக்கு 40 கன மீட்டர் தள்ளினால் காலை 6-லிருந்து இரவு 10-க்குள் 640. இரண்டு பம்ப் என்றால் 1,280. இதற்கு மேற்பட்ட ராஃப்ட்டை வடிவமைப்பாளர் காட்டும் இணைப்புக் கோட்டில் பிரித்துப் போடலாம். சிக்கல் பகலில் ரெடிமிக்ஸ் லாரிகளுக்கு இருக்கும் போக்குவரத்துத் தடை. தளத்திலேயே பேட்சிங் பிளான்ட் (கான்கிரீட் கலக்கும் ஆலை) வைத்தால் அது தீரும். ஆனால் அதற்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு வேண்டும், சிமென்ட் சைலோவின் வடிகட்டியைப் பராமரிக்கவும் வேண்டும்.

ஜெனரேட்டர் புகைக்குழாய் உயரத்துக்குச் சூத்திரம் உண்டு: ஜெனரேட்டர் திறனான கே.வி.ஏ.வின் வர்க்கமூலத்தை 0.2-ஆல் பெருக்கி, அது இருக்கும் கட்டடத்தின் உயரத்தோடு கூட்ட வேண்டும். 250 கே.வி.ஏ.வுக்குக் கூரைக்கு மேல் சுமார் 3.2 மீட்டர்.

சைட் இன்ஜினீயர் கேட்கிறேன். பைல் போட்ட பிறகு மிஞ்சும் பென்டோனைட் குழம்பை என்ன செய்வது?

மழைநீர் வடிகாலில் மட்டும் விடாதீர்கள். பைல் துளை இடியாமல் தாங்க ஊற்றும் இந்தக் களிமண் குழம்பு தண்ணீர்போல ஓடிப்போகாது. அடியில் படிந்து இறுகிவிடும், அடுத்த மழையில் தெரு மூழ்கும். மணல் பிரிப்பானில் ஓட்டி மறுபடி பயன்படுத்துங்கள்: புதுக் குழம்பின் அடர்த்தி 1.03 முதல் 1.10 வரை, குழம்பின் கெட்டித்தன்மையை அது வடியும் நேரத்தால் அளக்கும் மார்ஷ் கூம்பில் 30 முதல் 90 விநாடி. சிமென்ட் கலந்து பி.எச். 11.5 தாண்டிவிட்டால் கெட்டியாகும், அதை ஒதுக்கிவிடுங்கள். ஒதுக்கியதைத் தார்ப்பாய் விரித்த பள்ளத்தில் ஆறவிட்டு, காய்ந்த கட்டியாகச் சீட்டோடு அனுப்புங்கள். மிக்சர் லாரி கழுவிய நீரும் இதே ரகம், காரம் மிகுந்தது. மூன்று அறைத் தொட்டியில் தெளியவிட்டு அடுத்த லாரியைக் கழுவ அதையே பயன்படுத்தலாம்.

மனையை ஒரு மீட்டர் உயர்த்திவிட்டார்கள். "மழைநீர் சேகரிப்பு இருக்கிறது, உங்கள் தெருவுக்கு வராது" என்கிறார்கள். நம்பலாமா?

கணக்கு போட்டுப் பாருங்கள். 10 ஏக்கர் என்பது 40,470 சதுர மீட்டர். மணிக்கு 60 மி.மீ. மழையில், வெறும் நிலமாக இருந்தபோது 30% ஓடியது என்றால் சுமார் 730 கன மீட்டர். கூரையும் சிமென்ட் தரையுமாகி 80% ஓடினால் 1,940. வித்தியாசம் மணிக்கு 12 லட்சம் லிட்டர், அதாவது 12,000 லிட்டர் டேங்கரில் 100 லாரி. கட்டடப் பரப்பு 5,000 சதுர மீட்டருக்கு ஒரு செறிவூட்டு போர் (மழைநீரை நிலத்துக்குள் இறக்கும் ஆழ்குழாய்) என்ற நிபந்தனையை மட்டும் நிறைவேற்றினால் களிமண் பூமியில் இது அடங்காது. போர் களிமண்ணைத் தாண்டி மணல் அடுக்கைத் தொட வேண்டும். அதற்கு மேல் தேக்கத் தொட்டியும் வேண்டும்.

அடிக்கடி நடக்கும் தவறு இன்னொன்று: செறிவூட்டுக் குழிகளை முதலிலேயே தோண்டி, கட்டுமானச் சேறு முழுவதையும் அதில் வாங்குவது. ஒப்படைக்கும் நாளில் அவை அடைபட்டுச் செத்திருக்கும். புல்வெளி போட்டு முடியும்வரை குழிகளுக்கு மூடி போட்டு வைக்க வேண்டும். மாறாக, வெளி வடிகால் இணைப்பு முதல் பருவமழைக்கு முன்பே தயாராக இருக்க வேண்டும். நடப்பதோ இரண்டும் தலைகீழ்.

உங்கள் பங்குக்கு வருவாய்த் துறையின் புலப்பட (நில அளவை வரைபட) நகலையும், நிலம் யாருடையது, என்ன வகை என்று சொல்லும் 'அ' பதிவேட்டையும் எடுத்து, அந்த மனைக்குள் பழைய வாய்க்கால் புறம்போக்கு ஏதும் போகிறதா என்று பாருங்கள். மதில் சுவர் அதை அடைத்திருந்தால் அது எழுத்தில் நிற்கும் புகார். தெருவில் தண்ணீர் தேங்குகிறது என்ற புகார் அவ்வளவு எளிதில் எடுபடாது.

வீடு பதிவு செய்திருக்கிறோம். 1,000 வீடுகள். கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தைப் பற்றி என்ன கேட்க வேண்டும்?

வீட்டுக்கு 5 பேர், ஆளுக்கு 135 லிட்டர் என்றால் நாளுக்கு 675 கிலோலிட்டர் தேவை. 80% கழிவாக வந்தால் 540. ஃபிளஷ்ஷுக்கு ஆளுக்கு 45 வீதம் 225 திரும்பப் போகும். மிச்சம் 315 எங்கே போகும்? தோட்டம் முழுவதையும் குடிக்காது, மழைக்காலத்தில் சுத்தமாகக் குடிக்காது. பாதாளச் சாக்கடை இணைப்பு இருக்கிறதா என்பதே முதல் கேள்வி.

அடுத்தது, முதல் ஆண்டு. 100 குடும்பம் வந்தால் 54 கிலோலிட்டர்தான். 540-க்கு ஒரே தொட்டியாகக் கட்டினால் நுண்ணுயிரிகள் பட்டினியில் மடியும், நாற்றம் கிளம்பும், பிறகு கழிவை லாரியில் அனுப்ப வேண்டியதுதான். 180, 360 என இரண்டு பிரிவாக இருந்தால் சிறியதை மட்டும் ஓட்டலாம். ஒப்படைக்கும்போது ஃபிளஷ் தொட்டியில் சாயம் கலந்து, சமையலறைக் குழாயில் நிறம் வருகிறதா என்று பிளாக் பிளாக்காகப் பாருங்கள். பிளம்பர் ஒரே ஒரு டீ (T வடிவக் குழாய் இணைப்பு) மாற்றி வைத்தாலும் சுத்திகரித்த கழிவுநீர் குடிநீர்க் குழாய்க்குள் போகும்.

திட்டத்தின் சுற்றுச்சூழல் அனுமதியைப் பொதுமக்கள் பார்க்க முடியுமா?

முடியும். கட்டடப் பரப்பு 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் என்றால் மத்திய அரசின் 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி முன் அனுமதி கட்டாயம். இவ்வகைத் திட்டங்களுக்கு மக்கள் கருத்துக் கேட்பு கிடையாது; அதனால் ஆவணம் ஒன்றே பிடி. மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் 'பரிவேஷ்' இணையதளத்தில் அனுமதிக் கடிதமும் நிபந்தனைகளும் இருக்கும். ஆண்டுக்கு இருமுறை, ஜூன் 1, டிசம்பர் 1 தேதிகளில் நிபந்தனை நிறைவேற்ற அறிக்கை தர வேண்டும். அதைத் தளத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 19,800 சதுர மீட்டர் என்று கணக்குக் காட்டும் திட்டத்தில் பேஸ்மென்ட்டைச் சேர்த்தார்களா என்று பார்க்க வேண்டும். விதிப்படி அதுவும் சேரும்.

மனையில் 14 பனை மரங்கள் நிற்கின்றன. பெயர்த்து நடலாம் என்கிறார் ஒப்பந்ததாரர்.

வளர்ந்த பனை பெயர்த்தால் பிழைப்பது அரிது. அரசமரம், ஆலமரம் போன்றவை தாங்கும். அதற்கும் 4 முதல் 6 வாரம் முன்பே சுற்றி வேர் வெட்டி, தண்டு விட்டத்தின் 8 முதல் 10 மடங்கு அகலத்தில் மண்கட்டியோடு எடுக்க வேண்டும். தமிழ்நாட்டில் பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி தேவை. 14-உம் எங்கே நிற்கின்றன என்று வரைபடத்தில் குறிக்கச் சொல்லுங்கள். எல்லை ஓரமாக இருந்தால், உள்சாலையைச் சற்று நகர்த்தினாலே பல மரங்கள் தப்பும். அதைச் செய்ய வேண்டிய நேரம் திட்ட அனுமதிக்கு வரைபடம் போகும் முன்.